சுவரில்தானே மாட்டப்போகிறேன்?

வாடிக்கையாளர் கேட்டதில் நியாயம் இருந்தது. "தட்டைச் சுவரில்தானே மாட்டப்போகிறேன், பழைய மாதிரியே ஈயப் பூச்சு போட்டுச் செய்தால் என்ன?" எங்கள் மண்பாண்டப் பட்டறையில் முடியாது என்று சொல்லிவிட்டோம். மறுத்தது சரிதான். சொன்ன காரணம்தான் இன்னும் உறுத்துகிறது.

கேட்டது, அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் பக்ஸ், மாண்ட்கோமரி வட்டாரத்துப் பழைய செம்மண் தட்டு. அதில் தெரியும் மஞ்சள், மஞ்சள் சாயத்தால் வந்ததல்ல. வெள்ளைக் களிமண்ணைத் தோசை மாவுப் பதத்தில் கரைத்து, வாத்து இறகுத் தண்டு செருகிய கிண்ணத்தில் நிரப்பி, தட்டையாகத் தேய்த்த ஈர மண் மேல் கோடு இழுப்பார்கள். மண் சற்று இறுகியதும் கட்டையால் தட்டிக் கோடுகளை உள்ளே அமுக்க வேண்டும். பிறகு வட்டமாக வெட்டி, கோடு போட்ட பக்கம் கீழே இருக்கும்படி குவிந்த அச்சில் கவிழ்த்து, ஓரத்தில் பல் சக்கரம் ஓட்டுவார்கள். மண் அதிகம் காய்ந்திருந்தால் போச்சு: அது சுருங்கி முடித்திருக்கும், மேலே உள்ள கரைசல் இனிமேல்தான் சுருங்கும், செதில் செதிலாக உரியும். கடைசியில் ஈயச் செந்தூரம், மணல், களிமண் கலந்த பூச்சு. அது 1000 டிகிரி செல்சியஸ் வாக்கில் உருகும்போது மண்ணில் உள்ள இரும்பைக் கரைத்துக்கொள்ளும். அதனால்தான் வெள்ளைக் கோடு தேன் மஞ்சளாகத் தெரிகிறது.

நாங்கள் கொடுத்த ஈயமில்லாத மாற்றுப் பூச்சு, 85 பங்கு 3195 ஃபிரிட் (போரான் கலந்து உருக்கி அரைத்த கண்ணாடித் தூள்), 15 பங்கு கயோலின் என்ற வெண்களிமண், கூடுதலாக 2 பங்கு சிவப்பு இரும்பு ஆக்சைடு. கனமாகப் பட்ட இடத்தில் போரான் பால்நீலமாக மங்குகிறது. மெல்லிசாகப் பூசினால் மங்கல் போகும், கூடவே நிறத்தின் ஆழமும் போய்விடும். வாடிக்கையாளர் இரண்டையும் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

நாங்கள் சொன்ன காரணம் இது: தட்டு என்றாவது சுவரை விட்டு இறங்கும், யாராவது அதில் ஊறுகாய் வைப்பார்கள், அதன் புளிப்பு ஈயத்தை இழுக்கும். பொய்யில்லை. 1785-லேயே பிலடெல்பியாப் பத்திரிகை ஒன்று ஈயப் பூச்சு பற்றி எச்சரித்திருக்கிறது. ஆனாலும் குயவர்கள் விடவில்லை. அதிக வெப்பத்தில் சுடும் கல்பாண்டத்துக்கு ஈயப் பூச்சு தேவையில்லை; ஆனால் வீட்டருகே கிடைத்த செம்மண் அந்தச் சூளையின் வெப்பத்தைத் தாங்காது, உப்பி உருகிவிடும்.

ஆனால் வாடிக்கையாளரும் விவரம் தெரிந்தவர். "நடுவில் ஓட்டை போட்டுக் கொடுங்கள்" என்றார். அமெரிக்க உணவு மருந்து நிர்வாகத்தின் விதியும் அதை ஏற்கிறது: ஈயம் கசியும் அலங்காரப் பாண்டத்தில், உணவுக்கல்ல என்று அடியில் அழியாமல் பொறித்து வில்லையும் ஒட்ட வேண்டும், அல்லது உணவு படும் பரப்பில் துளையிட வேண்டும். அத்துடன் எங்கள் ஊறுகாய் வாதம் படுத்துவிட்டது.

சொல்லாமல் விட்ட காரணம் சூளை. ஈயம் ஆவியாகிச் செங்கல்லில் படியும், அடுத்த ஈட்டில் சாப்பாட்டுத் தட்டுகளில் ஏறும். செந்தூரத் தூளை அளந்து கலக்கும் கைகளும் இருக்கின்றன. ஆனால் சிலிக்கா தூசுக்கு முகக்கவசம் போட்டு வேலை செய்கிற பட்டறை, ஈயத்தை மட்டும் தொடமாட்டேன் என்பது எவ்வளவு தூரம் நிற்கும்? சூளைக் கதையைச் சொல்லியிருந்தால், "தனிச் சூளைக்கு நான் பணம் தருகிறேன்" என்றிருப்பார். அதற்கு இன்னும் பதில் இல்லை.