சட்னிக் கிண்ணத்தில் கப்கேக்: லாஸ்பேட்டை ஹாஸ்டலில் ஏழு ஞாயிற்றுக்கிழமைகள்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், எனக்குச் சமையல் வராது. கடலூர் மஞ்சக்குப்பத்து வீட்டில் தோசை திருப்பியதோடு சரி. புதுச்சேரிக்குப் படிக்க வந்து லாஸ்பேட்டைப் பக்கம் ஒரு ஹாஸ்டலில் சேர்ந்து இது இரண்டாம் வருடம். ஆடி மாதம் ரூம்மேட் பிறந்தநாளுக்கு மிஷன் வீதியில் கப்கேக் வாங்கப் போய், ஒன்று 80 ரூபாய் என்றதும் நாலு பேரும் ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்த்தோம். மைதா, சர்க்கரை, வெண்ணெய், முட்டை, இதற்கா 80 ரூபாய் என்று வாய்விட்டுக் கேட்டது நான்தான். அந்த வாய்க்கொழுப்புக்குத்தான் அப்புறம் ஏழு ஞாயிற்றுக்கிழமை அனுபவித்தேன்.

முதல் ஞாயிறு. சீனியர் அக்கா ஒருவரிடம் பழைய ஓ.டி.ஜி. அடுப்பு, அதாவது கேக் சுடுகிற சின்ன மின்சார அடுப்பு இருந்தது, கடன் வாங்கினேன். எங்கள் மாடியில் ஒரு சின்ன பேன்ட்ரி உண்டு. ஒரு சிங்க், ஒரு மேடை, ஒரே ஒரு பிளக் பாயின்ட், காலையில் கெட்டிலுக்கு வரிசை நிற்கும். மாவைக் கலக்கிவிட்டு அடுப்பைச் சொருகினேன். இரண்டு நிமிடம் சிவப்பாகக் காய்ந்தது, பட்டென்று மாடி முழுக்கக் கரண்ட் போனது. அசைன்மென்ட் எழுதிக்கொண்டிருந்தவர்கள் என்னைத் திட்டியதை இங்கே எழுத முடியாது. அடுப்பின் பின்னால் 1600 வாட் என்று ஒட்டியிருந்ததை அதற்குப் பிறகுதான் படித்தேன். 230 வோல்ட்டில் அது கிட்டத்தட்ட 7 ஆம்பியர் இழுக்கும். பேன்ட்ரியில் இருப்பது 6 ஆம்பியர் பாயின்ட், அதாவது 1380 வாட்டுக்கு மேல் தாங்காது. அப்போதும் புத்தி வராமல் எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் போட்டு அறையிலிருந்து இழுக்கப் பார்த்தேன், ஒயர் கருகுகிற வாடை வந்ததும் விட்டுவிட்டேன். யாரும் அதைச் செய்யாதீர்கள்.

கலக்கின மாவு ஒரு மணி நேரம் சும்மா கிடந்தது. தூக்கிக்கொண்டு கீழே மெஸ்ஸுக்குப் போனேன். அங்கே சமைக்கிற அக்கா எட்டிப் பார்த்துவிட்டு, "இன்னாம்மா இது, போண்டாவுக்கா?" என்றார். கேக் என்றேன். சிரிக்கவில்லை, அடி கனமான ஒரு அலுமினியக் குண்டானை எடுத்து வைத்து, அதில் இரண்டு விரல்கடை உயரத்துக்குக் கல் உப்பைக் கொட்டி, மேலே ஒரு ஸ்டாண்டு வைத்து மூடிக் காயவைத்தார். அவர் வீட்டில் கிறிஸ்துமஸ் கேக்கே இப்படித்தானாம். உப்பு சூட்டைப் பிடித்து வைத்து நிதானமாக விடும், அடி கருகாது. நான் வாங்கி வைத்திருந்த பேப்பர் கப்புகளில் மாவை ஊற்றி அடுக்கினேன். பேப்பருக்குத் தனியாக நிற்கிற தெம்பு இல்லை. பக்கவாட்டில் சரிந்து, ஆறும் ஒன்றோடொன்று ஒட்டி, அடை மாதிரி வந்தது. கடித்தால் அடைக்கே கோபம் வரும், அவ்வளவு கட்டி.

"அந்தப் பேப்பரைத் தூக்கிப் போடு. சட்னிக் கிண்ணம் இருக்குது இல்ல?" என்றார் அக்கா.

இதில் ஒரு வேடிக்கை. 1796இல் அமெரிக்காவில் அமீலியா சிம்மன்ஸ் என்பவர் போட்ட சமையல் புத்தகத்தில் சின்னக் கோப்பைகளில் வேகவைக்கிற கேக் என்று ஒரு குறிப்பு இருக்கிறது. கப்கேக் என்ற பெயருக்கே இரண்டு காரணம் சொல்வார்கள். கோப்பையில் வேகவைத்தது என்பது ஒன்று, சாமான்களைக் கோப்பையால் அளந்தது என்பது இன்னொன்று. பள்ளம் பள்ளமான தகரத் தட்டும் பேப்பர் கப்பும் பின்னால் வந்தவை. ஆகவே மெஸ் அக்காதான் சம்பிரதாயப்படி செய்தார், நான்தான் புதுமோஸ்தர்.

இரண்டாம் ஞாயிறு எவர்சில்வர் சட்னிக் கிண்ணத்தில் வெண்ணெய் தடவி, மைதா தூவித் தட்டி, முக்கால் அளவுக்கு மாவு. நிமிர்ந்து நின்றன. ஆனால் இரண்டு பிரச்சினை. ஒன்று, மூடியிலிருந்து ஆவித் தண்ணீர் சொட்டி மேலெல்லாம் அம்மைத் தழும்பு மாதிரி குழி. இதற்கு அக்காவிடமே மருந்து இருந்தது: மூடியில் வேட்டித் துணியைக் கட்டி, முனைகளை மேலே தூக்கி முடிந்துவிடுவது. தொங்கவிட்டால் நெருப்புப் பிடிக்கும், அது முக்கியம். இரண்டு, எல்லாவற்றிலும் வெங்காய வாசம். வெண்ணெயை மெஸ் ஃப்ரிட்ஜில் பிரித்தபடியே வைத்திருந்தேன், பக்கத்தில் நறுக்கின வெங்காயம். வெண்ணெய் பக்கத்தில் இருப்பதன் வாசனையை எல்லாம் இழுத்துக்கொள்ளும் என்று அம்மா போனில் சொன்னார், முந்தின நாளே கேட்டிருக்கலாம்.

மூன்றாம் ஞாயிறு மானம் போன நாள். பேக்கிங் பவுடர் தீர்ந்துவிட்டது. ஆப்ப சோடாதான் மெஸ்ஸில் இருக்கிறதே என்று அதே ஒரு ஸ்பூன் போட்டேன். பொன்னிறம் தாண்டிச் செம்பழுப்பாக, பார்க்க அத்தனை அழகு! தின்றால் சோப்பு. இரண்டும் ஒன்றில்லை. சோடா என்பது வெறும் சோடியம் பைகார்பனேட், புளிப்பு எதுவும் சேராவிட்டால் அது முழுக்க வேலை செய்யாமல் காரமாகத் தங்கிவிடும், மிளகாய்க் காரமில்லை, புளிப்புக்கு நேர்மாறான காரம். அந்தக் காரம்தான் சோப்பு ருசி, அதே காரம்தான் நிறத்தையும் கூட்டிவிடும். பேக்கிங் பவுடரில் சோடாவோடு புளிப்பு உப்பும் கொஞ்சம் சோளமாவும் கலந்தே இருக்கும். அதனால் சோடா மூன்று நாலு மடங்கு உரப்பு. தயிர், மோர், எலுமிச்சை இருந்தால் கால் ஸ்பூன் சோடா போதும். அன்றைய பன்னிரண்டு கேக்கையும் ஹாஸ்டல் பூனைகூட முகர்ந்துவிட்டுப் போய்விட்டது.

கட்டியாக வருவது மட்டும் ஏன் என்று புரியவே இல்லை. இணையத்தில் பார்த்த அளவு ஒன்றரைக் கப் மைதா, ஒரு கப் சர்க்கரை, இரண்டு முட்டை. கப்புக்கு மெஸ் டம்ளர். ஒருநாள் தண்ணீர் பாட்டிலால் அளந்து பார்த்தால் அந்த டம்ளர் 300 மில்லி பிடிக்கிறது. அவர்கள் சொல்கிற கப் சுமார் 240 மில்லி. எல்லாமே டம்ளரில் அளந்தால் பரவாயில்லை, விகிதம் மாறாது. முட்டையை டம்ளரில் அளக்க முடியாதே! மாவும் சர்க்கரையும் கூடிவிட்டன, முட்டை அதே இரண்டு. போதாததற்கு நான் மைதாவை டம்ளரில் குத்திக் குத்தி நிரப்பியிருக்கிறேன்.

இதைத் தீர்த்து வைத்தது வகுப்புத் தோழியின் ஆயா, அதாவது பாட்டி. அவர்கள் சொல்தா குடும்பம், ஆயாவின் வீட்டுக்காரர் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர். கிறிஸ்துமஸுக்கு ரவையும் ரம்மில் ஊறின பழமும் போட்டு விவிக்கம் கேக் செய்கிற வீடு. ஒரு சனிக்கிழமை அங்கே போய் உட்கார்ந்து என் புலம்பலைக் கொட்டினேன். ஆயா கேட்டது ஒன்றே ஒன்று. "முட்டைய எடை போட்டியா?"

முட்டையை யாராவது எடை போடுவார்களா? போடுவார்களாம். பிரெஞ்சுக்காரர்களிடம் கத்ர்-கார் என்று ஒரு கேக் இருக்கிறது, நாலு கால் பங்கு என்று அர்த்தம். முட்டை எவ்வளவு எடையோ அவ்வளவு வெண்ணெய், அவ்வளவு சர்க்கரை, அவ்வளவு மாவு. ஆயா அந்தக் காலத்தில் தராசில் ஒரு தட்டில் முட்டையை வைத்து மறு தட்டில் மாவைக் கொட்டுவாராம், படிக்கல்லே தேவையில்லை. நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஓடு நீக்கினால் முட்டை ஒன்று ஏறக்குறைய 50 கிராம், இரண்டு முட்டை 100. அமுல் வெண்ணெய்ச் சின்னப் பாக்கெட் 100 கிராம். மளிகைக் கடை அண்ணனிடம் மைதா 100, சர்க்கரை 100 என்று தனித்தனியாகக் கட்டித் தரச் சொன்னால் தராசு அவருடையது! இந்த ஹாஸ்டல் கேக் வரலாற்றில் நான் கண்டுபிடித்த ஒரே விஷயம் இதுதான், இதற்காக மட்டும் இதை எழுதலாம் என்று தோன்றியது. அந்த வெண்ணெயிலேயே உப்பு இருப்பதால் தனியாக உப்புச் சேர்க்க வேண்டாம்.

நாலாம் ஞாயிறு அந்த அளவில் செய்தேன். ருசி சரி, கட்டி கொஞ்சம் குறைந்தது, பஞ்சு மட்டும் வரவில்லை. காரணம் நம்ம ஊர் வெயில். வெண்ணெயையும் சர்க்கரையையும் சேர்த்து அடிக்கிறபோது சர்க்கரைக் கல் வெண்ணெயைக் கீறிக் கீறிக் காற்றை உள்ளே ஏற்றுகிறது. அதற்கு வெண்ணெய் விரலால் அழுத்தினால் குழி விழுகிற பதத்தில், 20 டிகிரிக்குப் பக்கத்தில் இருக்கவேண்டும். அறை வெப்பத்துக்கு வரட்டும் என்று எல்லாரும் எழுதிவைத்திருக்கிறார்களே, அது அவர்கள் ஊர் அறை. நம்ம அறையில் மத்தியானம் 33 டிகிரி. வெண்ணெய் அரை மணியில் எண்ணெய்க் குளம், எண்ணெயில் காற்று எங்கே நிற்கும்? இப்போது ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்துத் துண்டு போட்டுப் பத்தே நிமிடம் விடுகிறேன், பாத்திரத்தைக் குளிர்ந்த தண்ணீர்த் தட்டில் வைத்து அடிக்கிறேன். நம்ம கடைச் சர்க்கரை பெருங்கல்லாக இருப்பதால் மிக்ஸியில் இரண்டே சுற்று, நைஸாகப் பொடித்தால் கீறுகிற வேலை நடக்காது. கையால் 12 நிமிடம். முழங்கை வலிக்கும், வெளுத்து வருகிற வரை விடக்கூடாது. முட்டையை ஒவ்வொன்றாகச் சேர்க்கவேண்டும், மொத்தமாகக் கொட்டினால் திரிந்துபோகும். திரிந்தால் பயப்படாமல் ஒரு கரண்டி மைதா போட்டு அடித்தால் கூடி வரும். மைதா போட்ட பிறகு நேர்மாறு, மாவு கண்ணுக்குத் தெரியாமல் போனதும் கையை எடுத்துவிடவேண்டும். பரோட்டாவுக்குப் பிசைகிற மாதிரி அடித்தால் இழுவை வந்து உள்ளே எலி வளை மாதிரி ஓட்டை விழும். ஆயா வெள்ளைக்கருவைத் தனியாக நுரைக்க அடித்துச் சேர்ப்பார், எனக்கு அந்தப் பொறுமை இல்லாததால் முக்கால் ஸ்பூன் பேக்கிங் பவுடர்.

ஐந்தாம் ஞாயிறு வார்டன் மேடத்திடம் எழுதிக் கொடுத்து அனுமதி வாங்கினேன். மெஸ்ஸில் மாவு ஆட்டுகிற கிரைண்டருக்கு 16 ஆம்பியர் பாயின்ட் இருக்கிறது. மத்தியானச் சாப்பாட்டுக்கும் சாயங்கால டீக்கும் நடுவே, மூன்றிலிருந்து நாலரை வரை, கிரைண்டர் ஓடாத நேரத்தில் ஓ.டி.ஜி. போடலாம். 180 டிகிரியில் வைத்தேன். சின்ன அடுப்பு என்பதால் மேல்கம்பி தலைக்கு மேலேயே இருக்கிறது, மேற்பக்கம் சீக்கிரம் இறுகி, உள்ளே பொங்குகிற மாவு வழியில்லாமல் நடு உச்சியைப் பிளந்து எரிமலை மாதிரி வந்தது. அடுத்த வாரம் 165, கீழ்த்தட்டு, 22 நிமிடம். மட்டமான தலை, ஓரத்தில் பொன்னிறம், ஈர்க்குச்சி குத்தினால் சுத்தமாக வெளியே வந்தது. நாங்கள் நாலு பேரும் ஒன்றும் பேசாமல் தின்றோம்.

உடனே ஆசை வந்து மேலே க்ரீம் பிழிந்தேன். வெண்ணெயும் பொடித்த சர்க்கரையும்தான். மூன்றாம் மாடி ஏறுவதற்குள் வழிந்து விரலிடுக்கில் வந்துவிட்டது. வெண்ணெய் உருகுவதே 32, 35 டிகிரிக்குள்தான். கடற்கரை ஊரில் ஏசி இல்லாமல் வெண்ணெய்க் க்ரீம் வைத்துக் காட்டுகிறேன் என்று யாராவது சொன்னால் டிசம்பரில் வந்து காட்டச் சொல்லுங்கள். இப்போதெல்லாம் அடுப்பில் வைக்கும் முன்பே மாவின் தலையில் பண்ருட்டி முந்திரியை உடைத்துத் தூவிவிடுகிறேன், ஊரிலிருந்து வரும்போது அப்பா வாங்கித் தருவது. எனக்கு அதுதான் பிடிக்கிறது, க்ரீமைவிட.

ஏழாவது புரட்டாசியில். மெஸ் அக்கா இந்த மாதம் முட்டை தொடமாட்டார். இத்தனை வாரம் குண்டானும் துணியும் தந்தவருக்கு ஒன்றுகூடத் தராமல் எப்படி? மைதா 100 கிராம், சர்க்கரை 80, கெட்டித் தயிர் 100, எண்ணெய் 50 மில்லி, சோடா கால் ஸ்பூன், பேக்கிங் பவுடர் அரை ஸ்பூன், ஒரு ஏலக்காய். தயிரில் சோடா விழுந்ததும் புசுபுசுவென்று பொங்கியது. முட்டைக் கேக் அளவுக்கு உதிரவில்லை, கொஞ்சம் ஈரப்பதம், ஆனால் மறுநாளும் காயாமல் இருந்தது. அக்கா நின்றபடியே ஒன்றைத் தின்றுவிட்டு இன்னொன்றை முந்தானையில் முடிந்துகொண்டார்.

"வர்ற வியாழக்கிழமை எம் பொண்ணுக்குப் பொறந்தநாளு. ஒரு இருபது செஞ்சு குடுக்கறியா பாப்பா?"

சரி என்று சொல்லிவிட்டேன். அடுப்பில் ஒரு தடவைக்கு ஆறுதான் நிற்கும். இருபதுக்கும் சேர்த்து மாவு கலக்கினால் நாலாவது ஈடு அடுப்புக்குள் போவதற்குள் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஓடிவிடும், தயிரும் சோடாவும் பொங்கி அடங்கி, கடைசி இரண்டும் முதல் ஞாயிற்று அடையாகிவிடும். அதனால் உலர்ந்த சாமானை நாலு பொட்டலமாகக் கட்டி வைத்து, ஒரு ஈடு உள்ளே போன பிறகு அடுத்ததற்குத் தயிரை ஊற்றப் போகிறேன். மளிகைக் கடை அண்ணன் மைதா 100 கிராம் நாலு, சர்க்கரை 80 கிராம் நாலு என்று கட்டித் தந்துவிட்டார், எதற்கு என்று கேட்கவில்லை, பழகிவிட்டது அவருக்கு.