இடது சுட்டுவிரல்: நாட்குறிப்பு

2024 ஜூலை 8, திங்கள்

கோவை கணபதியில் நான் வேலை செய்யும் பட்டறையில், மோட்டாருக்கு ஸ்டாம்பிங் அடிக்கும், அதாவது தகட்டை அச்சில் அழுத்தி வெட்டும் பவர் பிரஸ்ஸில் இன்று காலை என் இடது சுட்டுவிரல் சிக்கியது. தகட்டைச் சரிசெய்யக் கையை டை என்னும் அந்த அச்சுக்குள் விட்டிருந்தபோது பெடல் மிதிபட்டுவிட்டது. கை உள்ளே போகாமல் தடுக்கும் கார்டை, வேலை வேகமாக நடக்கவேண்டும் என்று எப்போதோ கழற்றி மூலையில் போட்டிருந்தார்கள். அதைத் திரும்ப மாட்டச் சொல்லி நானும் ஒருமுறைகூடக் கேட்டதில்லை. நகம் தப்பியது. நுனியின் உள்பக்கச் சதை சாய்வாகப் போய், எலும்பு வெள்ளையாகத் தெரிந்தது.

உடன் வேலை செய்யும் பையன் விழுந்த துண்டை எடுத்து ஐஸ்கட்டிகளுக்குள் அப்படியே போட்டுக் கொண்டுவந்தான். ஈரத்துணியில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் இட்டுக் கட்டி, அந்தப் பையைத்தான் ஐஸில் வைக்கவேண்டுமாம்; ஐஸ் நேரே பட்டால் திசு உறைந்து கெட்டுவிடும். என் துண்டு நசுங்கியிருந்ததால் எப்படிக் கொண்டுவந்திருந்தாலும் பொருத்தியிருக்க முடியாது என்று மருத்துவர் சொன்ன பிறகே அவன் அழுகை நின்றது.

ஜூலை 9, செவ்வாய்

வெறும் தோலை எடுத்து ஒட்டினால் போதாதா என்று மருத்துவரிடம் கேட்டேன். ஒட்டுத்தோல் தன் அடியிலிருக்கும் சதையின் ரத்தத்தால்தான் பிழைக்கும், வெற்று எலும்பின்மேல் பிடிக்காது. ஆகவே தன் ரத்த ஓட்டத்தோடு வரும் தோல்மடல், அதாவது ஃப்ளாப் வேண்டும் என்றார். விரலைக் குட்டையாக்கித் தைத்துவிட்டால் சீக்கிரம் வேலைக்குப் போகலாம் என்றும் மறைக்காமல் சொன்னார். நீளம் போகவேண்டாம் என்றேன்.

சாய்வாக வெட்டுப்பட்ட நுனியை, அதே விரலின் பக்கத்துத் தோலை முக்கோணமாக முன்னுக்கு நகர்த்தி மூடும் முறை ஒன்று உண்டு. சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்த ஆர். வெங்கடசாமியும் சுப்பிரமணியனும் 1980-இல் அதை வெளியிட்டதைச் சொன்னபோது அவர் குரலில் பெருமை தெரிந்தது. என் விரலில் இரு பக்கமும் நசுங்கியிருந்ததால் அதற்கு வழியில்லை.

அக்குளில் ஊசி போட்டுக் கையை மட்டும் மரத்துப்போகச் செய்தார்கள். நடுவிரலின் முதுகுப்புறத் தோலை மூன்று பக்கம் வெட்டி, சுட்டுவிரலை அடுத்த நான்காவது பக்கத்தை வெட்டாமல் விட்டு, புத்தகத்தாளைப் புரட்டுவதுபோல் புரட்டி, சுட்டுவிரல் நுனியில் வைத்துத் தைத்தார்கள். நடுவிரலின் வெற்றிடத்துக்கு மேற்கையின் உட்புறத்திலிருந்து தோல் எடுத்தார்கள்; தசைநாரை மூடியிருக்கும் மெல்லிய சவ்வு கிழியாமல் இருந்தால்தான் அது அங்கே பிடிக்குமாம். இரண்டு விரல்களும் இப்போது ஒன்றாகத் தைக்கப்பட்டிருக்கின்றன.

ஜூலை 12, வெள்ளி

செவிலியர் மடலின் ஓரத்தை அழுத்தி விடுகிறார். வெளுத்து, உடனே நிறம் திரும்புகிறது. வெளுத்தபடியே இருந்தால் ரத்தம் வரவில்லை, நீலம் பாரித்தால் வந்த ரத்தம் திரும்பவில்லை என்று பொருள். பீடி, சிகரெட் புகை ரத்தக்குழாயைச் சுருக்கும் என்பதால் பக்கத்துக் கட்டில்காரரையும் எச்சரித்துப் போனார்.

ஜூலை 17, புதன்

ஆடி முதல் நாள், பவானியில் தேங்காய் சுடும் நோம்பி. ஆண்டுதோறும் தேங்காய் ஓட்டை வழவழப்பாகத் தேய்ப்பது என் வேலை. இந்த முறை திண்ணையில் உட்கார்ந்து, கட்டில்லாத விரல்களை மடக்கி நீட்டிக்கொண்டிருந்தேன். "நெருப்புக்கிட்டக் கையக் கொண்டு போயிராத சாமி" என்று அம்மா பத்துத் தடவையாவது சொல்லியிருப்பார்.

ஜூலை 30, செவ்வாய்

மூன்று வாரத்தில் சுட்டுவிரலின் ரத்தக்குழாய்கள் மடலுக்குள் வளர்ந்துவிட்டன. இன்று அடியை வெட்டி விரல்களைப் பிரித்தார்கள். பிரிந்த விரல்கள் மரக்குச்சிபோல் விறைத்திருக்கின்றன, பாதிகூட மடங்கவில்லை.

செப்டம்பர் 14, சனி

பயிற்சிக்கு ஒரு வட்டில் கம்பும் ஒரு வட்டில் ராகியும் வைத்து, கண்ணை மூடி விரலை விடச் சொல்கிறார்கள். நரம்பு ஒரு நாளைக்கு ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர்தான் வளரும். புதிய நுனியில் இன்னும் எது கம்பு, எது ராகி என்று தெரியவில்லை. குளிர்ந்த நீர் பட்டால் மட்டும் சுருக்கென்கிறது. மடக்குவது முக்கால்வாசி வந்துவிட்டது.

டிசம்பர் 7, சனி

கம்பின் மணி தனித்துத் தெரிகிறது. வெளிறிய உள்ளங்கைப் பக்கத்தில் புறங்கையின் கருத்த நிறத்தோடு அந்தச் சதுரம் நிற்கிறது. அதில் மெல்லிய மயிர் இரண்டு முளைத்திருக்கிறது.

ரேஷன் கடையில் வலது கையில் பை இருந்ததால் அந்த விரலைக் கருவியில் வைத்தேன். மூன்று முறையும் பதிவாகவில்லை. புறங்கைத் தோலுக்கு ரேகை கிடையாது என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. "வேற விரல் வைங்கண்ணா" என்றார் கடைக்காரர். கட்டைவிரலை வைத்தேன்.