தை மாதத் தவணை

போடியில் எங்கள் வங்கியின் நகைக்கடன் கவுன்டரில் உட்கார்ந்த முதல் வாரம். ஒரு ஜோடித் தோட்டை எடை போடுவதற்கு முன்னால் நகையின் தரமும் மதிப்பும் பார்க்கும் எங்கள் அப்ரைசர் திருகாணியைக் கழற்றி, உட்பக்கத்தை ஊசியால் மெதுவாகச் சுரண்டினார். அழுக்கோ அரக்கோ சேர்ந்திருந்தால் எடை கூடிவிடும் என்று எல்லா ஊரிலும் செய்வதுதான். விரித்திருந்த வெள்ளைத் தாளில் கறுப்பாக ஒன்று விழுந்தது. கடுகைவிடக் கொஞ்சம் பெரிது, சொரசொரப்பாக இருந்தது. நசுக்கிப் பார்த்தேன். ஏல அரிசி, ஏலக்காய்க்குள் இருக்கும் விதை.

"காய் பொறுக்குற அம்மா, சார். தலைமுடியிலகூட இருக்கும்" என்றார் அவர், தராசிலிருந்து கண்ணை எடுக்காமல்.

2015 மே மாதம் மாற்றலாகிப் போடிநாயக்கனூருக்கு வந்தேன். 2019 கடைசி வரை அங்கே இருந்தேன். பிறந்து வளர்ந்தது ராமநாதபுரம் பக்கம் என்பதால் மலை எனக்குப் பழக்கமில்லை. எங்கள் ஊரில் எந்தத் திசையில் பார்த்தாலும் பார்வை போய்க்கொண்டே இருக்கும். போடியில் தெருவின் கடைசியில் மலை நிற்கும். கிழக்கே தேனிப் பக்கம் மட்டும் வாய் திறந்த ஒரு கிண்ணம் போன்ற ஊர். மேற்கே போகும் சாலை முந்தல் தாண்டியதும் ஏறத் தொடங்கும். பதினேழு கொண்டை ஊசி வளைவுகள், அதற்கப்புறம் போடிமெட்டு. ஊர் இருப்பது சுமார் 350 மீட்டர் உயரத்தில். மெட்டு ஏறத்தாழ 1,400 மீட்டர். அங்கே ஒரு செக்போஸ்ட். அதைத் தாண்டினால் கேரளம். பூப்பாறை, சாந்தன்பாறை, ராஜாக்காடு என்று ஏலத்தோட்டங்கள்.

போடிக்காரர்களுக்கு அந்த செக்போஸ்ட் ஒரு எல்லையாகவே தோன்றுவதில்லை என்பது புரியவே எனக்குச் சில மாதங்கள் ஆயின. நிலம் அங்கே, வீடு இங்கே. வேலை அங்கே, பிள்ளைகளின் பள்ளிக்கூடம் இங்கே. காய் விளைவது அங்கே, பொறுக்குவதும் தரம் பிரிப்பதும் ஏலம் விடுவதும் இங்கே. 1956இல் மாநிலங்களைப் பிரித்தபோது தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்தோடு போயின என்று புத்தகத்தில் ஒரு வரியாகப் படித்திருந்தேன். அந்த ஒரு வரி என் மேஜைக்குக் கடன் விண்ணப்பங்களாக வந்தது. போடியில் மூன்று தலைமுறையாக இருக்கும் ஒரு குடும்பம். சொத்து என்று அவர்கள் நீட்டிய காகிதம் முழுக்க மலையாளத்தில் இருந்தது. பட்டயம் என்கிறார்கள், பாட்டம் என்கிறார்கள், கரம் கட்டிய ரசீது என்கிறார்கள். எங்கள் படிவத்திலோ தமிழ்நாட்டு நில ஆவணங்களான சிட்டா, அடங்கல் என்ற இரண்டு கட்டங்கள்தான். எந்தக் காகிதத்தை எந்தக் கட்டத்தில் எழுதுவது? ஏக்கர் கணக்கில் தோட்டம் வைத்திருந்தவரும் அவசரத்துக்குத் தம் மனைவியின் நகையோடு என் கவுன்டருக்குத்தான் வந்தார்.

முதல் வருடம் நான் செய்த தவறைச் சொல்லவேண்டும்.

நகைக்கடனுக்குத் தவணை ஓராண்டு. ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறக்கும். ஃபீஸ், புத்தகம், சீருடை என்று அந்த மாதம்தான் அதிகமாக அடகு வரும். ஆகவே மறுவருடம் ஜூனில்தான் தவணையும் முடியும். நான் வந்த புதிதில் தவணை தாண்டிய கணக்குகள் ஏராளமாக நின்றன. மேலிடத்திலிருந்து நெருக்கடி. கம்ப்யூட்டரில் பட்டியல் எடுத்து, ஜூலை கடைசியில் ஒரே மூச்சில் அத்தனை பேருக்கும் நோட்டீஸ் அனுப்பினேன். குறித்த தேதிக்குள் பணம் கட்டாவிட்டால் நகை ஏலத்துக்குப் போகும் என்ற வழக்கமான வாசகம்தான். தலைமைக் காசாளர் அந்த ஊர்க்காரர். "மலையில காய் எடுப்பு தொடங்கட்டும் சார், அவங்களே வருவாங்க" என்றார். சட்டம் தெரியாமல் பேசுகிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

நான்கு நாள் கழித்து சிலமலைப் பக்கமிருந்து ஒரு பெண் வந்தார். ஐம்பது வயதிருக்கும். நோட்டீஸை நாலாக மடித்து, பிளாஸ்டிக் பையில் போட்டு, இடுப்பில் செருகியிருந்தார். அன்றைக்கு வேலைக்குப் போகாமல் வந்திருந்தார். காகிதத்தை விரித்து என் முன்னால் வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம் கேட்டார்: "சார், மலையில காயே இன்னும் திரளல. எடுப்பு இருந்தாத்தானே எங்களுக்குச் சம்பளம். இப்ப நோட்டீசு போட்டா எதைக் கொண்டாந்து கட்டுறது?"

சத்தம் போடவில்லை அவர். நிஜமாகவே பதில் தெரிந்துகொள்ளக் கேட்டார். என்னிடம் பதில் இல்லை. அந்த ஊரின் பணம் எந்த மாதத்தில் வருகிறது என்பதே தெரியாமல் அத்தனை வீட்டுக்கும் பயத்தைத் தபாலில் அனுப்பியிருக்கிறேன். இன்றைக்கு நினைத்தாலும் அந்த மடித்த காகிதம் கண் முன்னால் வருகிறது.

அன்று மாலை காசாளரை டீக்கடைக்கு அழைத்துப் போய், ஏலக்காய் வருடம் எப்படி ஓடுகிறது என்று முதலிலிருந்து கேட்டேன். மாசி, பங்குனியில் மலையில் ஒரு கோடை மழை வேண்டும். அது இல்லாவிட்டால் செடி வாடும். வைகாசி, ஆனியில் தென்மேற்குப் பருவமழை பிடிக்கவேண்டும். செடியின் அடியிலிருந்து தரையோடு படரும் சரத்தில் பூ வந்து காய் கட்டும். ஆடி, ஆவணியில் எடுப்பு மெதுவாகத் தொடங்கும். ஐப்பசி, கார்த்திகையில் உச்சம். தை, மாசி வரை ஓடும். எல்லாக் காயும் ஒரே நேரத்தில் முற்றாது என்பதால், மாதம் ஒன்று, ஒன்றரை கழித்து அதே செடிக்குத் திரும்பி வந்து, விளைந்ததை மட்டும் பார்த்துப் பறிக்கவேண்டும். அதனால்தான் ஏலத்தோட்டத்துக்கு எப்போதும் ஆள் வேண்டும், அதிலும் பெண்கள் வேண்டும். பறித்த பச்சைக் காயை ஸ்டோர் என்கிற உலர்த்தும் கூடத்தில் போட்டு உலர்த்தினால் ஐந்து கிலோ ஒரு கிலோவாகச் சுண்டும்.

இதில் எனக்கு வியப்பாக இருந்தது, மழை அந்தப் பக்கம் பெய்வதுதான். ஜூன், ஜூலையில் போடியில் காற்று ஆளைத் தள்ளும், புழுதி பறக்கும். மலை உச்சியில் மட்டும் வெள்ளையாக மேகம் உட்கார்ந்திருக்கும். எப்போதாவது சாரல் வந்து தெருவை நனைத்தும் நனைக்காமலும் போகும். ஊருக்குச் சொந்த மழை ஐப்பசியில்தான். ஆனாலும் ஜூன் மாதத்தில் டீக்கடையில் நிற்பவர்கள் அத்தனை பேரும் மேற்கேதான் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

தவணையை மாற்ற எனக்கு அதிகாரம் கிடையாது. ஆனால் தையில் கையில் பணம் புழங்கும்போது, ஜூன் வரை காத்திராமல் அப்போதே வட்டியைக் கட்டி நகையைப் புதுக் கடனாக மாத்தி வைத்துவிட்டால், அடுத்த தவணையும் தையில் வந்து விழும். விதிக்கு உட்பட்டதுதான், யாரும் எடுத்துச் சொல்லவில்லை, அவ்வளவே. அடுத்த தையிலிருந்து கவுன்டருக்கு வந்த ஒவ்வொருவரிடமும் சொன்னேன். ஜூனில் நிற்கும் பாக்கி கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தது. என் வேலையில் நான் செய்த உருப்படியான காரியங்களை எண்ணச் சொன்னால் இதைத்தான் முதலில் சொல்வேன்.

ஜீப் ஏறும் இடத்துக்கு ஒருநாள் விடிகாலை ஐந்து மணிக்குப் போய் நின்று பார்த்தேன். தலையில் துண்டு, கையில் தூக்குவாளி, தோளில் மடித்த பிளாஸ்டிக் தாள். எட்டுப் பேர் உட்காரவேண்டிய ஜீப்பில் அதைப்போல் இரண்டு மடங்கு பேர் ஏறினார்கள். பதினேழு வளைவும் ஏறி, தோட்டத்தில் நாள் முழுக்கக் குனிந்தே பறித்துவிட்டு, மாலையில் அதே ஜீப்பில் இறங்குவார்கள். எவ்வளவு நெரிசல் என்று கேட்டதற்கு ஒரு பெண், "ஆளோட ஆள் நெருக்கி உக்காந்தாத்தான் வளைவுல சாய மாட்டோம்" என்றார். அந்த மலைப்பாதையில் ஜீப் கவிழ்ந்த செய்தி வரும் நாட்களில் கவுன்டரில் யாரும் உரக்கப் பேசமாட்டார்கள்.

அவர்கள் கைகளைப் பற்றிச் சொல்லவேண்டும். பச்சைக் காயின் கறை பட்டுப்பட்டு விரல்நுனி கறுத்துப் போயிருக்கும், சோப்புப் போட்டாலும் போகாது. ஆதார் வந்த பிறகு கைரேகை இயந்திரத்தில் விரல் வைக்கச் சொன்னால் சிவப்பு விளக்குத்தான் எரியும். பெருவிரல், ஆள்காட்டி, நடுவிரல் என்று பத்து விரலையும் மாற்றி மாற்றி வைப்பார்கள். ஒரு பாட்டி முந்தானையால் விரலைத் துடைத்துத் துடைத்து வைத்துவிட்டு, தன்மேல் ஏதோ குற்றம் இருப்பதுபோல் என்னைப் பார்த்தார். எங்கள் பியூன் அண்ணன் தேங்காய் எண்ணெய் பாட்டில் ஒன்றைக் கவுன்டர் ஓரத்தில் வாங்கி வைத்தார். ஒரு சொட்டுத் தடவித் துடைத்து வைத்தால் சிலருக்கு ரேகை விழுந்தது.

ஊருக்குள் இருக்கும் பெண்களுக்குப் பொறுக்கும் வேலை. ஏலக்காய்க் கடைகளில் வரிசையாக உட்கார்ந்து, முறம் முறமாகக் கொட்டிய காயிலிருந்து வெடித்தது, கறுத்தது, பூச்சி அரித்தது என்று பிரிப்பார்கள். சல்லடையில் எட்டு மில்லிமீட்டருக்கு மேல் தங்குவது உயர்ந்த ரகம். பச்சை நிறம் எவ்வளவு நிற்கிறதோ அவ்வளவு விலை. ஒருமுறை சரக்கு இருப்பைச் சரிபார்க்க ஒரு கடைக்குப் போயிருந்தேன். பேசிக்கொண்டே, காயைப் பார்க்காமலேயே, இரண்டு விரல் நடுவில் உருட்டி எடை குறைந்ததைத் தனியே போட்டார் ஓர் அம்மா. நான் பத்துக் காயை எடுத்து முயன்றேன். எல்லாம் ஒரே மாதிரிதான் தெரிந்தன.

ஞாயிற்றுக்கிழமைகளில் பழைய போடியைத் தேடி நடப்பேன். குரங்கணிக்குப் போனபோதுதான் டாப் ஸ்டேஷன் என்ற பெயருக்குக் காரணம் தெரிந்தது. மூணாறு தேயிலைக்காக 1902இல் குண்டளைப் பள்ளத்தாக்கில் ஒற்றைத் தண்டவாள வண்டி ஓட்டினார்கள். 1908இல் அது சிறு ரயிலாக மாறியது. அந்த ரயில் முடியும் உச்சிதான் டாப் ஸ்டேஷன். அங்கிருந்து தேயிலைப் பெட்டிகள் கம்பிவடத்தில் தொங்கியபடி கொட்டகுடிக்கு இறங்கி, மாட்டுவண்டியில் போடிக்கு வந்திருக்கின்றன. 1924 பெருவெள்ளம் அந்த ரயிலை அடித்துக்கொண்டு போய்விட்டது. கம்பிவடத்தின் நடுவழியில் இருந்த இடத்தை இன்னும் சென்ட்ரல் என்றே சொல்கிறார்கள். கம்பிவடம் போய்விட்டது, ஊர்ப்பெயர் நிற்கிறது.

நான் இருந்த காலத்தில் போடியில் ஸ்டேஷன் இருந்தது, ரயில் இல்லை. 1928இல் வந்த மதுரைப் பாதை அது. இரண்டாம் உலகப் போரின்போது தண்டவாளத்தைக் கழற்றிக் கொண்டுபோய், ஐம்பதுகளில் மறுபடி போட்டார்கள். அகலப்பாதைக்காக 2010 கடைசியில் மீண்டும் நிறுத்தினார்கள். "வந்துரும் சார், வந்துரும்" என்று வருடம் முழுக்கச் சொல்லிக்கொண்டிருப்பார்கள்.

2016 நவம்பரை மறக்க முடியாது. எடுப்பு உச்சத்தில் இருக்கும்போது ஐந்நூறும் ஆயிரமும் செல்லாது என்ற அறிவிப்பு வந்தது. தோட்டத்துச் சம்பளம் முழுக்க ரொக்கம். மலைக்குப் போகவேண்டிய பெண்கள் விடியற்காலையிலேயே எங்கள் வாசலில் வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். செடியில் காய் முற்றிக்கொண்டிருந்தது, பறிக்கவேண்டிய கைகள் செல்லாத நோட்டோடு வரிசையில் இருந்தன. இரவு பத்து மணி வரை எண்ணினோம்.

2018 ஆகஸ்டில் இடுக்கியில் கொட்டிய மழை தோட்டங்களைச் சாய்த்துவிட்டது. போடித் தெருக்கள் காய்ந்து கிடக்க, கொட்டகுடி ஆறு செம்மண் நிறத்தில் இரைந்துகொண்டு ஓடியதைப் பாலத்தில் நின்று பார்த்தோம். வரத்துக் குறைந்ததில் மறுவருடம் ஆகஸ்டில் விலை கிலோ 7,000 ரூபாயைத் தொட்டது. வெளியூர் நண்பர்கள் போன் செய்து "உங்க ஊருல எல்லாரும் லட்சாதிபதியாமே" என்றார்கள். காய் கைவசம் வைத்திருந்தவர்களுக்கு நல்ல காலம்தான். பறிக்கவும் பொறுக்கவும் காயே குறைந்துபோன வீடுகளிலிருந்து அந்த வருடமும் தோடு, மூக்குத்தி என்று வந்துகொண்டுதான் இருந்தது. விலை ஏறினால் ஊர் செழிக்கும் என்று பேப்பரில் எழுதுவதை அப்போதிருந்து நான் அப்படியே நம்புவதில்லை.

2023 ஜூன் 15இல் போடிக்கு ரயில் வந்தது. அந்த மாதக் கடைசியில் மதுரையிலிருந்து ஏறிப் போனேன். தேனி தாண்டியதும் மேற்கு மலை ஜன்னல் முழுக்க நிறைந்தது. பெட்டியில் இருந்தவர்கள் பாதிப் பேர் வேலை இல்லாமல், சும்மா ரயிலைப் பார்க்கக் குடும்பத்தோடு வந்தவர்கள். இறங்கி நேராக அப்ரைசர் கடைக்குப் போனேன். தலை நரைத்திருந்தது, அதே தராசு. காபி வாங்கி வரச் சொல்லிவிட்டு, எந்த ஊரில் இருக்கிறேன், எத்தனை வருடம் சர்வீஸ் இருக்கிறது என்று விசாரித்தார்.

கூட்டம் எப்படி என்று கேட்டேன்.

"ஜூன்ல வைக்கிறது வச்சுக்கிட்டுத்தான் இருக்காங்க சார். ஆனா பழைய ஆளுங்க எல்லாம் தையிலதான் மாத்தி வைக்கிறாங்க. புதுசா வந்த ஆபீசர் ஏன்னு கேட்டார், சொன்னேன்" என்றார். பிறகு வாசல் வரை வந்து மேற்கே எட்டிப் பார்த்தார். "மேகம்தான் இந்த வருசம் இன்னும் சரியாப் பிடிக்கல."