ஆர்டர் வேறு, பயன்பாடு வேறு: ஒருமுறைப் பைகளும் ரெசினும்

ஆன்டிபாடி போன்ற உயிரி மருந்துகளைத் தயாரிக்கும் ஆலைகளுக்கு ஒருமுறைப் பை, ஃபில்டர் விற்கும் ஜெர்மன் நிறுவனம் சார்டோரியஸ். 2022இல் சுமார் 417 கோடி யூரோவாக இருந்த அதன் விற்பனை 2023இல் 340 கோடியாக இறங்கியது. ஆன்டிபாடி மருந்துத் தயாரிப்பு அந்த அளவுக்கா படுத்துவிட்டது? இல்லை. கொரோனா ஆர்டர்கள் வற்றியது ஒரு காரணம். இன்னொன்று, வாங்கியவர்களின் கிடங்குகளில் தேங்கிய சரக்கு.

2021இல் பயோரியாக்டர் பை (மருந்துப் புரதத்தைச் சுரக்கும் செல்களை வளர்க்கும், ஒருமுறை மட்டும் பயன்படுத்தும் பிளாஸ்டிக் பை), ஃபில்டர், குழாய் செட் எல்லாவற்றுக்கும் காத்திருப்பு ஓராண்டு வரை நீண்டது. அமெரிக்கா பாதுகாப்பு உற்பத்திச் சட்டத்தின் கீழ் உள்நாட்டு ஆர்டர்களுக்கு முன்னுரிமை கொடுத்தது. அந்த ஏப்ரலில் சீரம் இன்ஸ்டிட்யூட்டின் அதார் பூனாவாலா, மூலப்பொருள் ஏற்றுமதிக்கான தடையை நீக்கும்படி பைடனிடம் ட்விட்டரிலேயே கேட்டார். சப்ளையரை மாற்றிக்கொள்ளலாமே என்றால், அவ்வளவு எளிதல்ல. பையின் பிளாஸ்டிக்கிலிருந்து மருந்துக்குள் என்ன கசிகிறது என்ற சோதனை, பழையதோடு ஒப்பிட்டுப் பார்க்கும் பேட்ச்கள் (ஒரு பேட்ச் என்பது ஒரு தடவை போடும் உற்பத்தி), ஒழுங்குமுறை அமைப்புக்கு விண்ணப்பம் என்று மாதக்கணக்கில் இழுக்கும். அதனால் எல்லோரும் பழைய சப்ளையரிடமே கூடுதலாக ஆர்டர் போட்டார்கள். அதை உண்மையான தேவை என்று வாசித்துத் தொழிற்சாலைகளை விரித்த சப்ளையர்கள் 2023இல் கையைப் பிசைந்தார்கள்.

ஆகவே ஓர் ஆலைக்கு உண்மையில் எவ்வளவு தேவை என்று பார்க்க, சப்ளையரின் ஆர்டர் புத்தகத்தை ஓரமாக வைத்துவிட்டு, பேட்ச் கணக்கிலிருந்து தொடங்குங்கள். 2000 லிட்டர் ரியாக்டர், லிட்டருக்கு 4 கிராம் புரதம் என்றால் ஒரு பேட்சுக்கு 8 கிலோ. கலவையிலிருந்து ஆன்டிபாடியை மட்டும் பிடித்துத் தரும் நுண்மணிகள்தான் புரோட்டீன் ஏ ரெசின். அது லிட்டருக்கு 40 கிராம் பிடிக்கும் என்று வைத்தால், 50 லிட்டர் ரெசின் நிரப்பிய உருளை, பிடித்து விடும் 4 சுற்றில் இதை முடிக்கும். ரெசினுக்கு 150 சுற்று ஆயுள் நிரூபிக்கப்பட்டிருந்தால் 37 பேட்ச் ஓடும். ஆண்டுக்கு 18 பேட்ச் போடும் இடத்தில் இரண்டாண்டுக்கு ஒருமுறை ரெசின் வாங்கினால் போதும்.

இப்போது விளைச்சலை லிட்டருக்கு 8 கிராமாக ஏற்றிப் பாருங்கள். அதே மருந்துக்கு 9 பேட்ச் போதும். ரியாக்டர் பையும் மீடியாவும் (செல்களுக்கான ஊட்டக் கரைசல்) பாதியாகும். ஆனால் ஒரு பேட்சுக்கு 8 சுற்று ஆவதால் ரெசின் செலவு துளியும் குறையாது. செல் லைன் (புரதம் சுரக்கும் செல் வகை) மேம்பட மேம்பட பை விற்பவருக்கு நெருக்கடி, ரெசின் விற்பவருக்குக் கவலையில்லை. பல நிறுவனங்களின் மருந்துகளைக் கூலிக்குத் தயாரிக்கும் ஆலைகளில் நிலைமை இன்னும் வேறு. ஒரு மருந்துக்குப் பயன்படுத்திய ரெசினை இன்னொன்றுக்குப் பொதுவாகத் தொடமாட்டார்கள். ஆய்வுக் கட்ட மருந்து என்றால் பத்துச் சுற்றுகூட ஓடாமல் குப்பைக்குப் போகும். விலையைப் பார்த்தால் வயிறு எரியும்.

இருப்பு வைப்பதிலும் எல்லாவற்றுக்கும் ஒரே விதி சரிவராது. கிருமி நீக்க காமா கதிர் பாய்ச்சிய பைக்குக் காலாவதி பெரும்பாலும் 2 அல்லது 3 ஆண்டு. அது கதிர் பாய்ச்சிய நாளிலிருந்து ஓடத் தொடங்கும், உங்கள் கிடங்குக்கு வந்த நாளிலிருந்தல்ல. மிச்ச ஆயுள் குறைந்தது 18 மாதமாவது இருக்க வேண்டும் என்று ஆர்டரிலேயே எழுதிவிடுங்கள். அறுவடையின்போது செல்கள் அதிகம் செத்திருந்தால், செல்களை வடிகட்டிப் பிரிக்கும் டெப்த் ஃபில்டர் அடைத்துக்கொள்ளும். கணக்கிட்ட பரப்புக்கு மேல் பாதியளவு கூடுதலாக வைத்திருப்பது நல்லது. பெரும்பாலும் பேட்சை நிறுத்துவது பெரிய பை அல்ல, உங்கள் வரைபடப்படி தனியாகச் செய்துதரும் குழாய் செட். முடிந்தவரை கேட்டலாகில் இருக்கும் வடிவத்துக்கே உங்கள் இணைப்புகளை மாற்றிக்கொள்ளுங்கள்.