நோவிட்ஸ்கியின் 21 சீசன்களை ஆய்வேடாக எழுதியபோது கற்றவை

உடற்கல்வி முதுநிலையில் ஆய்வேட்டுக்கு ஒரு தனி வீரரை எடுக்கப்போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். விளையாட்டு இதழியல் படிக்கிறவர்களுக்கும் பெரும்பகுதி பொருந்தும். நான் எடுத்துக்கொண்டது டிர்க் நோவிட்ஸ்கி. ஜெர்மனியின் வூர்ட்ஸ்பூர்க்கில் 1978இல் பிறந்து, 1998 முதல் 2019 வரை அமெரிக்கத் தொழில்முறை கூடைப்பந்து லீகான என்.பி.ஏ.வில் டல்லாஸ் மேவரிக்ஸ் என்ற ஒரே அணிக்கு ஆடியவர்.

யாரை எடுப்பது என்பதில் அவசரப்பட வேண்டாம். இப்போது எல்லோருக்கும் இன்னும் ஆடிக்கொண்டிருக்கும் யோகிச், டோன்சிச், யானிஸ் மூவர் மேல்தான் கண். மூவரும் அருமையான ஆட்டக்காரர்கள்தான். ஆனால் நீங்கள் எழுதி முடித்து பைண்டிங் கொடுப்பதற்குள் அவர்களுடைய எண்கள் மாறிவிடும், அணியே மாறினாலும் மாறலாம். ஓய்வு பெற்ற ஒருவர் என்றால் முழு வாழ்க்கையும் கண்முன் இருக்கும். நோவிட்ஸ்கியின் விஷயத்தில் இன்னொரு வசதி உண்டு. 21 சீசன்களும் ஒரே அணி என்பதால், அணி மாறியதால் ஆட்டம் மாறியதா என்ற குழப்பமே கிடையாது. எது மாறியது, ஏன் மாறியது என்று நேராகப் பார்க்கலாம்.

நான் முக்கியமாகச் சொல்ல வருவது இதுதான்: டல்லாஸ் வென்ற 2011 கோப்பையிலிருந்து தொடங்காதீர்கள். கோல்டன் ஸ்டேட் அணியிடம் கண்ட 2007 தோல்வியை முதலில் படியுங்கள். அது புரிந்துவிட்டால் அதற்கு முன்னும் பின்னும் உள்ள ஆண்டுகள் தாமாகவே வரிசையில் வந்து உட்காரும்.

முதலில் எண்கள். சீசன் வாரியாக ஒரு அட்டவணை போடுங்கள். எத்தனை ஆட்டம், சராசரியாக எத்தனை நிமிடம், புள்ளிகள், ரீபவுண்டு (உள்ளே விழாமல் திரும்பும் பந்தைப் பிடிப்பது), மூன்று வகை எறிதல் சதவீதம் (கள எறிதல், மூன்று புள்ளி எறிதல், தடுப்பவர் இல்லாமல் எறியும் ஃப்ரீ த்ரோ). கடைசியில் ‘அந்த ஆண்டு என்ன நடந்தது’ என்று ஒரு நெடுவரிசை கட்டாயம் வேண்டும். அது இல்லாவிட்டால் எண்கள் ஏமாற்றும். உதாரணத்துக்கு முதல் சீசனையே பாருங்கள். 47 ஆட்டங்கள், சராசரி 8.2 புள்ளிகள். அடுத்த சீசனில் 17.5. இதை மட்டும் பார்த்தால் ஒரே ஆண்டில் ஆள் இரு மடங்கு வளர்ந்துவிட்டார் என்று எழுதத் தோன்றும். ஆனால் முதல் சீசனில் அவர் களத்தில் நின்றது சராசரியாக 20.4 நிமிடம், இரண்டாவதில் 35.8 நிமிடம். இரண்டையும் 36 நிமிடத்துக்குக் கணக்கிட்டால் 14.5, 17.6 என்று வரும். வளர்ச்சி உண்மைதான், ஆனால் அளவு வேறு. கடைசி நெடுவரிசையில் எழுத வேண்டியது இன்னும் முக்கியம். உரிமையாளர்களுக்கும் வீரர்களுக்கும் ஒப்பந்தத் தகராறு வந்து லீக் பூட்டப்பட்டுக் கிடந்ததால் அந்த முதல் சீசன் 1999 பிப்ரவரியில்தான் தொடங்கியது. மொத்தமே 50 ஆட்டம். புது நாட்டுக்கு வந்த 20 வயதுப் பையனுக்கு, அணியோடு பழகுவதற்கான முறையான முன்பயிற்சிக் காலம் கிடைக்கவே இல்லை.

வூர்ட்ஸ்பூர்க் பகுதிக்கு நிறைய இடம் ஒதுக்குங்கள். ஆய்வேட்டில் எனக்கு மிகப் பிடித்த அத்தியாயம் அதுதான். வீட்டிலேயே விளையாட்டு இருந்தது. அம்மா ஜெர்மனி கூடைப்பந்து அணிக்கு ஆடியவர், அப்பா ஹேண்ட்பால் வீரர். சிறுவன் நோவிட்ஸ்கியும் முதலில் ஹேண்ட்பாலும் டென்னிஸும்தான் ஆடினார். பதின்ம வயதில் கூடைப்பந்துக்கு வந்தபோது ஹோல்கர் கெஷ்விண்ட்னர் கண்ணில் பட்டார். 1972 மியூனிக் ஒலிம்பிக்கில் மேற்கு ஜெர்மனி அணிக்குத் தலைமை தாங்கியவர் கெஷ்விண்ட்னர். கணிதமும் இயற்பியலும் படித்தவர். இந்தப் பையனைத் தனியாகப் பயிற்றுவிக்கிறேன் என்று கேட்டு வாங்கிக்கொண்டார். எடை தூக்குவதைவிடத் துடுப்பு வலித்தல், வாள்சண்டை, இசைக்கருவி, புத்தக வாசிப்பு என்று போனது அவருடைய முறை. ஒருவருடைய உடலை மட்டும் தனியாக வளர்க்க முடியாது என்று அவர் உறுதியாக நம்பினார். நோவிட்ஸ்கி ஓய்வு பெறும்வரை கோடை விடுமுறைப் பயிற்சிகளில் அவர் கூடவே இருந்தார். ஒரு மாணவனுக்கும் ஆசிரியருக்கும் இப்படி ஒரு நீண்ட பிணைப்பு தொழில்முறை விளையாட்டில் அபூர்வம்.

உயிர் இயக்கவியல் பாடத்தை ஆய்வேட்டுக்குள் கொண்டுவர இங்கே நல்ல வாய்ப்பு இருக்கிறது. கெஷ்விண்ட்னர் எறிதலைக் கோணக் கணக்காகப் பார்த்தார். நீங்களும் அந்தக் கணக்கைப் போட்டுக் காட்டலாம், பிளஸ் டூ இயற்பியல் போதும். வளையத்தின் விட்டம் சுமார் 45.7 செ.மீ., பந்தின் விட்டம் சுமார் 24 செ.மீ. பந்து 45 பாகைக் கோணத்தில் இறங்கினால் அதற்குத் தெரியும் திறப்பு ஏறத்தாழ 32 செ.மீ. 60 பாகையில் இறங்கினால் கிட்டத்தட்ட 40 செ.மீ. சுமார் 32 பாகைக்குக் கீழே போனால் பந்து வளையத்தில் உரசாமல் உள்ளே விழ வழியே இல்லை. அப்படியானால் எல்லோரும் ஏன் வானத்தைப் பார்த்து எறிவதில்லை? கோணம் கூடக்கூடப் பந்தின் வேகமும் கூட வேண்டும், கைப்பிழையும் கூடும். 213 செ.மீ. உயரமுள்ள ஒருவர், கையைத் தலைக்கு மேல் நீட்டிப் பந்தை விடும்போது, அதிக வலு இல்லாமலே பந்து மேலிருந்து வளையத்துக்குள் இறங்கும். அவருடைய உயரத்தை ரீபவுண்டுக்கு மட்டும் பயன்படுத்தாமல் எறிதலுக்குப் பயன்படுத்தியதுதான் கெஷ்விண்ட்னர் செய்த பெரிய காரியம். இந்தப் படத்தை நான் கையால் வரைந்து சேர்த்தேன். வைவாவில் வெளித்தேர்வாளர் அதிக நேரம் நின்ற பக்கம் அதுதான்.

டிராஃப்ட், அதாவது அணிகள் புது வீரர்களை வரிசைப்படி தேர்ந்தெடுக்கும் முறை, பற்றி இரண்டு பத்தி போதும். 1998 மார்ச்சில் சான் அன்டோனியோவில் நடந்த நைக்கி ஹூப் சம்மிட்டில், அமெரிக்க இளைஞர் அணிக்கு எதிராக 33 புள்ளி எடுத்தார். அதுவரை ஜெர்மனியின் இரண்டாம் பிரிவில் ஆடிக்கொண்டிருந்தவர் அவர். அந்த ஜூனில் மில்வாக்கி பக்ஸ் அணி ஒன்பதாவதாகத் தேர்ந்தெடுத்து, உடனே டல்லாஸுக்கு மாற்றியது. அவருடைய சட்டை எண் 41 பற்றியும் ஒரு வரி எழுதலாம். ஊரில் அவர் அணிந்தது 14. டல்லாஸில் அந்த எண் வேறொருவரிடம் இருந்ததால் இலக்கங்களைத் திருப்பிப் போட்டுக்கொண்டார்.

விதி மாற்றங்களைத் தவறவிடாதீர்கள். 2001–02 சீசனிலிருந்து என்.பி.ஏ.வில் ஜோன் டிஃபென்ஸ், அதாவது ஆளுக்கு ஆள் என்றில்லாமல் இடத்தைக் காக்கும் தடுப்பாட்டம், அனுமதிக்கப்பட்டது. அப்புறம் தூரத்திலிருந்து எறியத் தெரிந்த உயரமான ஆளின் மதிப்பு கூடியது. வளையத்தடியில் காவல் நிற்கும் எதிரணி நெட்டையரை அவர் வெளியே இழுத்துவிடுவார், உள்ளே வழி திறக்கும். ஐரோப்பிய வீரர் என்றாலே உடல்வலு இல்லாதவர், தடுப்பாட்டம் தெரியாதவர் என்ற பேச்சு அமெரிக்காவில் அன்று பரவலாக இருந்தது. ட்ராஜன் பெட்ரோவிச்சும் விளாடே டிவாட்ஸும் 1989இல் வந்து அந்தப் பேச்சை எதிர்கொண்டவர்கள். நோவிட்ஸ்கிக்கும் அது ஒட்டிக்கொண்டது. எண்களைப் படிக்கும்போது இந்தப் பின்னணி மனதில் இருக்கட்டும். ஏனென்றால் 2006, 2007 தோல்விகளுக்குப் பிறகு வந்த விமர்சனம் முழுக்க ‘மென்மையானவர்’ என்ற அந்தப் பழைய முத்திரையின் தொடர்ச்சிதான்.

2006 இறுதித் தொடரில் மயாமி ஹீட்டுக்கு எதிராக முதல் இரண்டு ஆட்டங்களையும் டல்லாஸ் வென்றது. பிறகு நான்கு ஆட்டங்களையும் தொடர்ந்து தோற்றது. மூன்றாவது ஆட்டத்தின் நான்காம் கால்பகுதியை முழுதாகப் பாருங்கள். 13 புள்ளி முன்னிலை கரைந்து, கடைசி நொடிகளில் நோவிட்ஸ்கி இரண்டு ஃப்ரீ த்ரோவில் ஒன்றைத் தவறவிட்டார். மயாமியின் டுவைன் வேட் அந்தத் தொடரில் சராசரியாக 34.7 புள்ளி எடுத்தார் என்பதையும் பக்கத்திலேயே எழுதுங்கள். தோல்வியை ஒரே ஆள் தலையில் வைப்பது நியாயமில்லை.

அடுத்த ஆண்டுதான் முக்கியமானது. 2006–07 சீசனில் டல்லாஸ் 67 வெற்றி, 15 தோல்வி. நோவிட்ஸ்கி சராசரி 24.6 புள்ளி. கள எறிதலில் 50, மூன்று புள்ளியில் 40, ஃப்ரீ த்ரோவில் 90 சதவீதம் என்ற மூன்று வரம்புகளையும் ஒரே சீசனில் தாண்டினார். சீசன் முடிந்தபின் கோப்பைக்காக நடக்கும் பிளேஆஃபின் முதல் சுற்றில் எதிரே வந்தது எட்டாம் இடத்து கோல்டன் ஸ்டேட் வாரியர்ஸ். அதன் பயிற்சியாளர் டான் நெல்சன். டல்லாஸில் நோவிட்ஸ்கியை வளர்த்த அதே நெல்சன்! நோவிட்ஸ்கிக்கு எந்த இடத்தில் பந்து பிடிக்கப் பிடிக்கும், எந்தப் பக்கம் திரும்புவார் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. தன்னைவிடக் குட்டையான, ஆனால் உறுதியான ஆட்களை நோவிட்ஸ்கியின் உடலோடு ஒட்டி நிற்க வைத்தார். பந்து வந்தவுடன் இரண்டாவது ஆள் பாய்ந்து வந்தார். தொடர் 4–2 என முடிந்தது. நோவிட்ஸ்கியின் சராசரி 19.7ஆக இறங்கியது, எறிதல் 38.3 சதவீதம். கடைசி ஆட்டத்தில் 13 எறிதலில் இரண்டே உள்ளே போனது. அதன் பிறகுதான் அந்த சீசனின் சிறந்த வீரருக்கான எம்.வி.பி. விருது நோவிட்ஸ்கிக்கு அறிவிக்கப்பட்டது. அந்த விருதைப் பெற்ற முதல் ஐரோப்பியர் அவர். விருது மேடையில் அவர் முகத்தைப் பாருங்கள். மனது கனத்துவிடும்.

இந்தத் தொடரை ஹைலைட்ஸில் பார்க்கவே கூடாது. ஹைலைட்ஸில் உள்ளே விழுந்த பந்துகள்தான் இருக்கும். நமக்கு வேண்டியது அவர் எறியாத தருணங்கள். முழு ஆட்டத்தைப் போட்டு, நோவிட்ஸ்கி ஒவ்வொரு முறை பந்தைப் பிடிக்கும் இடத்தையும் களத்தின் வரைபடத்தில் புள்ளி வைத்துக்கொண்டே வாருங்கள். பிறகு 2011 இறுதித் தொடருக்கும் அதையே செய்யுங்கள். இரண்டு வரைபடத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் வித்தியாசம் கண்ணில் அறையும். 2011இல் அவர் ஃப்ரீ த்ரோ கோட்டின் அருகே, களத்தின் நடுவில் அதிகமாகப் பந்தைப் பிடிக்கிறார். நடுவில் நின்றால் இரண்டாவது ஆள் எந்தப் பக்கமிருந்து வந்தாலும் தெரியும், எந்தப் பக்கமும் பந்தைக் கொடுக்கலாம். கூடவே அந்த ஒற்றைக்கால் ஃபேட் அவே. ஒரு முழங்காலை உயர்த்திப் பின்னால் சாய்ந்து எறியும்போது ஒட்டி நிற்கிற குட்டை ஆளால் பந்தைத் தொட முடியாது. 2007இல் நெல்சன் கேட்ட கேள்விக்கு இதுதான் விடை என்பது என் ஆய்வேட்டின் வாதம். இன்றும் அதில் உறுதியாக இருக்கிறேன்.

சுற்றியிருந்த அணியையும் மறக்க வேண்டாம். ஜேசன் கிட் 2008இல் வந்தார், ரிக் கார்லைல் அதே ஆண்டு பயிற்சியாளரானார், டைசன் சாண்ட்லர் 2010இல் சேர்ந்தார். சாண்ட்லர் வளையத்தடியைக் காத்ததால்தான் நோவிட்ஸ்கியால் தெம்போடு ஆட முடிந்தது.

2011 பிளேஆஃபிலிருந்து மூன்று ஆட்டங்களைத் தேர்ந்தெடுத்து விரிவாக எழுதுங்கள். ஓக்லஹோமா சிட்டிக்கு எதிரான முதல் ஆட்டம்: 15 எறிதலில் 12, ஃப்ரீ த்ரோவில் 24க்கு 24, மொத்தம் 48 புள்ளி. மயாமிக்கு எதிரான இரண்டாவது ஆட்டம்: சுமார் ஏழு நிமிடம் இருக்கையில் 15 புள்ளி பின்தங்கியிருந்த டல்லாஸ் 95–93 என வென்றது. இடதுகை நடுவிரலில் தசைநாண் கிழிந்திருந்த நிலையில், வெற்றிப் புள்ளியை அந்த இடதுகையாலேயே போட்டார். மூன்றாவதாக, கோப்பையை வென்ற ஆறாவது ஆட்டம். முதல் பாதியில் 12 எறிதலில் ஒன்றுதான் விழுந்தது. ஆனாலும் நிறுத்தவில்லை, 21 புள்ளியோடு முடித்தார், அதில் 10 நான்காம் கால்பகுதியில். முதல் பாதியில் அணியைத் தாங்கியவர் ஜேசன் டெர்ரி. 2006இல் தோற்ற அணியிலிருந்து எஞ்சியிருந்தவர்கள் இவர்கள் இருவர்தான். ஆட்டம் முடிந்ததும் நோவிட்ஸ்கி யாரையும் பார்க்காமல் உள்ளே ஓடிப்போய் அழுதார். நான்காவது ஆட்டத்தைக் காய்ச்சலோடு ஆடிய கதை எல்லோரும் எழுதுவது. அதற்கு ஒரு வரி போதும்.

பிந்தைய ஆண்டுகளைச் சுருக்கலாம். 2014இல் மற்ற அணிகள் தர முன்வந்த பெரிய தொகையை விட்டுவிட்டு, மூன்று ஆண்டுக்கு 2.5 கோடி டாலருக்கு டல்லாஸிலேயே இருந்தார். 2017 மார்ச்சில் 30,000 புள்ளியைத் தொட்டார். ஓய்வின்போது 31,560 புள்ளி, அன்றைய பட்டியலில் ஆறாம் இடம். ஜெர்மனி அணிக்காக ஆடியதற்குத் தனி அத்தியாயம் வையுங்கள். 2002 உலகப் போட்டியில் வெண்கலம், 2005 ஐரோப்பியப் போட்டியான யூரோபாஸ்கெட்டில் வெள்ளி, இரண்டிலும் சிறந்த வீரர் அவரே. இதை எடுத்துவிட்டால் அவருடைய கோடைகாலங்கள் எங்கே போயின என்பதே புரியாது.

வைவாவுக்கு ஒரு வார்த்தை. நுணுக்கமான கேள்விகள் வரும். டிராஃப்டில் தேர்ந்தெடுத்தது எந்த அணி என்பார்கள், டல்லாஸ் என்று சொல்லிவிடாதீர்கள். எம்.வி.பி. பெற்ற முதல் ஐரோப்பியர் என்று சொல்லுங்கள். ‘முதல் வெளிநாட்டவர்’ என்றால் அவருக்கு முன்பே அதைப் பெற்ற கனடாவின் ஸ்டீவ் நாஷை நினைவூட்டுவார்கள். இறுதித் தொடரின் எம்.வி.பி.யை முதலில் பெற்ற ஐரோப்பியர் டோனி பார்க்கர், 2007இல். என்னிடம் கேட்டதில் கடினமானது, ‘2011இல் டல்லாஸ் தோற்றிருந்தால் உங்கள் வாதம் நிற்குமா?’ என்பது. நிற்கும் என்றேன். பந்து பிடிக்கும் இடம் மாறியது கோப்பையைப் பொறுத்த விஷயம் இல்லை, அது வரைபடத்தில் இருக்கிறது என்று இரண்டு தாள்களையும் எடுத்து மேசையில் வைத்தேன். அதனால் அந்த வரைபடங்களைப் பின்னிணைப்பில் தள்ளாமல் முதன்மை அத்தியாயத்திலேயே சேருங்கள். வைவாவுக்குப் போகும்போது பெரிய அளவில் தனிப் பிரதியும் எடுத்துக்கொண்டு போங்கள்.