சோதனை போதுமா என்று கேட்பவர்களுக்கு

விமான நிலையப் பாதுகாப்புப் பிரிவில் வேலை பார்த்தவன் என்று தெரிந்துவிட்டால், கல்யாணப் பந்தியில்கூட என்னிடம் ஒரு கேள்வி வந்துவிடும். அங்கே நடக்கிற சோதனை எதையாவது தடுக்கிறதா, அல்லது வெறும் கண்துடைப்பா? கேட்பவரிடம் ஆதாரமும் தயாராக இருக்கும். கைப்பையின் அடியில் மறந்து கிடந்த சிறு கத்தரிக்கோல் போகும்போது யார் கண்ணிலும் படவில்லை. திரும்பும்போது இன்னோர் ஊரில் எடுத்துக்கொண்டார்கள். ஆகவே முதல் ஊரில் யாரும் திரையைப் பார்க்கவே இல்லை என்பது அவர் முடிவு. அவருடைய கவலையை நான் தட்டிக்கழிப்பதில்லை. ஆனால் அவர் கவலைப்பட வேண்டிய இடங்களில் பெரும்பாலானவை அவர் கண்ணுக்கே படாதவை என்று என் வேலை எனக்குக் காட்டியிருக்கிறது.

பயணிகளில் பலருக்கு இந்த வேலை இரண்டு தரப்பாகப் பிரிந்திருப்பதே தெரியாது. இந்தியாவின் பெரிய நிலையங்களில் பயணியையும் கைப்பையையும் சோதிப்பது மத்தியத் தொழில் பாதுகாப்புப் படை. 1999 டிசம்பரில் காத்மாண்டுவிலிருந்து கிளம்பிய ஐசி 814 விமானம் கடத்தப்பட்டுக் கந்தகாருக்குக் கொண்டுபோகப்பட்ட பிறகு, 2000 பிப்ரவரியில் ஜெய்ப்பூரில் தொடங்கி ஒவ்வொரு நிலையமாக அந்தப் படையின் பொறுப்புக்கு வந்தது. அதற்கு முன்பு மாநிலக் காவல்துறையினர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். செக்-இன் பெட்டிகள், விமானத்தில் ஏற்றப்படும் உணவு, ஏணிப்படியருகே நடக்கும் கடைசிச் சோதனை, நிறுத்தப்பட்டிருக்கும் விமானத்துக்குக் காவல் ஆகியவற்றை விமான நிறுவனங்களும் நிலையத்தை நடத்துபவர்களும் தங்கள் பாதுகாப்பு ஊழியர்களைக் கொண்டு கவனிக்கிறார்கள். நான் இந்த இரண்டாம் தரப்பில், தென்னிந்தியாவின் ஒரு பன்னாட்டு நிலையத்தில், செக்-இன் பெட்டிகளுக்கான எக்ஸ்ரே திரையின் முன்னால் இருந்தவன்.

அந்தத் திரையில் உலோகம் நீலமாகவும், உணவு, சோப்பு, பிளாஸ்டிக் போன்ற உயிர்மப் பொருட்கள் (கார்பன் சார்ந்தவை) ஆரஞ்சு நிறமாகவும், இரண்டுக்கும் இடைப்பட்டவை பச்சையாகவும் தெரியும். கதிர் ஊடுருவ முடியாத இடம் கறுப்பாக நிற்கும். வெடிமருந்துகளில் பெரும்பாலானவை உயிர்மச் சேர்மங்கள் என்பதால் அவையும் ஆரஞ்சுதான்; சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது, ஏனென்றால் நம் ஊர்ப் பயணியின் பெட்டியில் பாதி ஆரஞ்சு நிறம்தான். கட்டியாக அடைத்த அல்வா, மைசூர்பாகு, அடுக்கி வைத்த சோப்புக் கட்டிகள் எல்லாம் அடர்த்தியாக ஒரே சீராகத் தெரியும்; அவற்றுக்குப் பக்கத்திலேயே ஒரு சார்ஜரும் சுருட்டிய வயரும் கிடந்துவிட்டால் பெட்டியைத் திறக்காமல் விட முடியாது. திறந்தால், "தம்பி, பேரப்பிள்ளைக்குக் கொண்டுபோறேன், வேணும்னா ஒரு துண்டு எடுத்துக்கோங்க" என்பார் பெரியவர். நாங்கள் இனிப்புக்காகத்தான் திறக்கிறோம் என்ற சந்தேகம் அவருடைய உபசாரத்துக்குள்ளேயே இருக்கும். எதற்காகத் திறக்கிறோம் என்று அவரிடம் விளக்கிச் சொல்லவும் முடியாது. எந்த உருவம் எங்களைச் சந்தேகப்பட வைக்கிறது என்பது வெளியே பேசக்கூடிய விஷயமல்ல.

ஆண்டுக்கணக்கில் அல்வாவையே பார்த்துக்கொண்டிருக்கும் கண்ணுக்கு, அல்வா அல்லாத ஒன்று வரும்போது அது அல்வாவாகவே தெரியக்கூடும். இந்த அபாயத்தை இயந்திரம் செய்தவர்களும் அறிவார்கள். அதனால்தான் கடந்துபோகும் சில பைகளின் படத்துக்குள், உண்மையில் இல்லாத துப்பாக்கியையோ வெடிகுண்டையோ மென்பொருளே செருகிக் காட்டும். திரையைப் பார்க்கும் ஊழியரான ஸ்கிரீனர் பொத்தானை அழுத்தினால் அது பொய்ப்படம் என்று திரை சொல்லும்; அழுத்தாவிட்டால் தவறவிட்டதாகக் கணக்கில் ஏறும். ஒருவர் தொடர்ந்து 20 நிமிடங்களுக்கு மேல் திரையைப் பார்க்கக் கூடாது என்ற விதி ஐரோப்பாவில் சட்டமாகவே இருக்கிறது. எங்களுக்கும் அதுதான் அளவு. விதி நல்ல விதி. அதைக் காப்பாற்ற ஆள் வேண்டும் என்பதுதான் சங்கடம். அதிகாலையில் வளைகுடாவுக்கும் சிங்கப்பூருக்கும் அடுத்தடுத்து விமானங்கள் கிளம்பும் நேரத்தில் ஒருவர் விடுப்பில் இருந்தால், அந்த 20 நிமிடம் எப்படி நீளும் என்பதை நேரக்குறிப்பேடு சொல்லாது. பெல்ட் நின்றால் கவுண்டர் நிற்கும், கவுண்டர் நின்றால் புறப்பாடு தாமதமாகும், தாமதத்துக்கு யார் காரணம் என்று எழுத்தில் கேட்பார்கள். சோதனை மெதுவாக நடக்கிறது என்ற புகாரை நாள்தோறும் கேட்டிருக்கிறேன்; வேகமாக நடக்கிறது என்று புகார் சொன்ன பயணியை நான் பார்த்ததில்லை.

2015இல் அமெரிக்காவில் மாறுவேடச் சோதனையாளர்கள் போலி ஆயுதங்களோடும் போலி வெடிபொருட்களோடும் சென்று பார்த்ததில், 70 முயற்சிகளில் 67இல் பிடிபடவில்லை என்ற செய்தி வெளியாகி, அங்கே விமான நிலையச் சோதனையை நடத்தும் துறையின் பொறுப்புத் தலைவரையே மாற்றினார்கள். அப்போது எங்கள் ஓய்வறையிலும் அதுதான் பேச்சு. சிரித்தவர்களைவிட அமைதியானவர்கள் அதிகம். சோதனையாளர்கள் எங்கே தேடமாட்டார்கள் என்று தெரிந்து வைத்திருக்கும் ஆளை அனுப்பினால் எந்த நாட்டிலும் தோல்வி எண்ணிக்கை கூடத்தான் செய்யும் என்று சிலர் சமாதானம் சொன்னார்கள். நான் அதை முழுதாக ஏற்கவில்லை. உண்மையான எதிரியும் அப்படித் தெரிந்துகொண்டுதானே வருவான்?

ஒரு கண் தவறவிட்டதை இன்னொரு ஏற்பாடு பிடிக்க வேண்டும் என்பதால்தான், பயணிகள் மிக அதிகமாக எரிச்சல்படும் அந்த விஷயத்தை நான் மிக அதிகமாக மதிக்கிறேன். பெட்டியைப் போட்டுவிட்டு ஆள் ஏறவில்லை என்றால், அந்தப் பெட்டியைத் தேடி இறக்காமல் விமானம் கிளம்பக் கூடாது. எவரோ ஒருவர் கடையில் நின்றுவிட்டதற்கு நூற்றைம்பது பேர் ஏன் காத்திருக்க வேண்டும் என்று உள்ளே குரல்கள் எழும். கீழே, சரக்கறையின் குறுகிய வாயிலுக்குள் குனிந்து, ஏற்றிய பெட்டிகளை மறுபடி ஒவ்வொன்றாக இறக்கிச் சீட்டெண்ணைப் பார்க்கும் தொழிலாளியின் முதுகு அவர்களுக்குத் தெரியாது. 1985 ஜூன் 23 அன்று அட்லாண்டிக் கடலுக்கு மேல் சிதறிய ஏர் இந்தியாவின் கனிஷ்கா விமானத்தில் 329 பேர் இறந்தார்கள். வெடிகுண்டு இருந்த பெட்டி வான்கூவரிலிருந்து வந்தது. அதைப் பதிவு செய்தவர் ஏறவே இல்லை. அந்தப் பெட்டி விமானம் மாறிய டொரண்டோவில் எக்ஸ்ரே இயந்திரம் பழுதாகிவிட, மீதிப் பெட்டிகளைக் கையடக்கக் கருவியால் பார்த்து அனுப்பினார்கள். இயந்திரம் பழுதாவது நடக்கக்கூடியதுதான். ஆளையும் பெட்டியையும் ஒப்பிட்டிருந்தால் அந்தப் பழுது அத்தனை உயிர்களைக் கேட்டிருக்காது.

நம் மீனம்பாக்கத்துக் கதை இதைவிடச் சிக்கலானது. 1984 ஆகஸ்ட் 2 இரவு அங்கே வெடித்த பெட்டிகளும் கொழும்பு விமானத்துக்காகப் பதிவு செய்யப்பட்டு, பயணி ஏறாமல் போனவைதான். அவை விமானத்தில் போகவில்லை. அந்த அளவில் ஏற்பாடு வேலை செய்தது என்றே சொல்லலாம். ஆனால் எச்சரிக்கைத் தொலைபேசி அழைப்புகள் வந்த பின்பும் அவை கட்டடத்துக்குள்ளேயே கிடந்து, அங்கேயே வெடித்து, 33 பேர் உயிரிழந்தார்கள். சந்தேகத்துக்குரிய பெட்டியைக் கண்டுபிடிப்பது பாதி வேலை. அதை எங்கே, யார், எவ்வளவு நேரத்துக்குள் கொண்டுபோய் வைப்பது என்பது மறுபாதி. பயிற்சியில் முதல் பாதிக்குக் கிடைக்கும் நேரம் இரண்டாம் பாதிக்குக் கிடைப்பதில்லை என்பது என் ஆதங்கம்.

ஊருக்கு ஊர் விதி மாறுகிறதே என்ற புகாருக்கு வருகிறேன். ஓரிடத்தில் பெல்ட்டைக் கழற்றச் சொல்கிறார்கள், இன்னோரிடத்தில் வேண்டாம் என்கிறார்கள். இதில் ஒரு பகுதி வேண்டுமென்றே செய்வது. எவரை நிறுத்துவார்கள், எதைத் திறப்பார்கள் என்று முன்கூட்டியே கணிக்க முடிந்தால் சோதனைக்குப் பொருளில்லை. இன்னொரு பகுதி இயந்திரங்களின் வயது வேறுபாடு. மூன்றாவது பகுதி வெறும் அசட்டை. எது எந்த வகை என்று வெளியிலிருந்து பார்ப்பவரால் பிரிக்க முடியாது; உள்ளே இருந்த எனக்கே சில நாட்களில் தெரிந்ததில்லை. இதோடு மொழியும் சேர்ந்துகொள்கிறது. இராமநாதபுரத்திலிருந்து முதல்முறை பறக்க வந்த அம்மாவிடம் இந்தியில் வேகமாகச் சொன்னால், அவர் அதை அதட்டலாகத்தான் எடுத்துக்கொள்வார். பதற்றத்தில் அவர் செய்வதெல்லாம் சந்தேகத்துக்குரியதாகத் தோன்றும். உண்மையாகவே தப்பு நோக்கத்தோடு வந்து பதறுகிற ஆளை இத்தனை பதற்றங்களுக்கு நடுவே எப்படி அடையாளம் காண்பது?

என்னிடம் கேட்கப்பட்ட கேள்விகளிலேயே கூர்மையானது, முழங்காலில் உலோகம் பொருத்தியிருந்ததால் ஒவ்வொரு முறையும் தனியே நிறுத்தப்பட்ட ஓர் ஓய்வுபெற்ற ஆசிரியை கேட்டது. "எங்களை எல்லாம் சோதிக்கிறீங்க சரி தம்பி, உங்களை யார் சோதிக்கிறாங்க?" நாங்களும் தினமும் ஊழியர் வாயிலில் உலோகம் கண்டறியும் அதே சட்டகத்துக்குள் நுழைந்துதான் போகிறோம் என்றேன், அது உண்மை. காவல்துறை விசாரணை முடிந்த பிறகே நுழைவு அட்டை கிடைக்கும், அதிலும் எந்தப் பகுதிக்குள் போகலாம் என்ற வரம்பு உண்டு என்பதும் உண்மை. ஆனால் 2016 பிப்ரவரியில் மொகடிஷுவிலிருந்து கிளம்பிய விமானத்தில் மடிக்கணினி ஒன்றில் ஒளித்திருந்த குண்டு வெடித்து, பக்கவாட்டில் ஓட்டை விழுந்தபோது, அதைக் கொண்டுவந்தவரிடம் கையளித்தவர்கள் நிலையத்திலேயே வேலை பார்த்தவர்கள் என்பதைக் கேமராப் பதிவு காட்டியது. ஆசிரியையின் கேள்விக்கு அந்தச் சம்பவத்தைவிட நல்ல நியாயம் வேண்டியதில்லை.

பெட்டி தூக்குபவர், விமானத்தைச் சுத்தம் செய்பவர், உணவு வண்டி ஓட்டுபவர் ஆகியோரில் பலர் ஒப்பந்தத் தொழிலாளர்கள். சம்பளம் குறைவு, வேலை கடினம், ஆகவே ஆட்கள் மாறிக்கொண்டே இருப்பார்கள். சான்றிதழ் பெற்ற ஸ்கிரீனர்களே கூடுதல் சம்பளத்துக்கு வேறிடம் போய்விடுவதுண்டு. போகிறவரின் நுழைவு அட்டை அன்றைக்கே திரும்ப வந்ததா, இல்லை ஒப்பந்தக்காரரின் மேசை இழுப்பறையில் கிடக்கிறதா என்பது எந்த எக்ஸ்ரே திரையிலும் தெரியாது. எங்கள் பிரிவில் மேற்பார்வையாளர் ஒருவர், கொடுத்த கடனை வசூலிப்பவர்போல, ஒவ்வோர் அட்டைக்காகவும் ஒப்பந்தக்காரர்களைத் தொலைபேசியில் துரத்திக்கொண்டிருப்பார். அலுவலகத்தில் அவரைப் பலருக்கும் பிடிக்காது.