சுட்டி இன்னும் படுக்கவில்லை

2024 அக்டோபர் 27

தீபாவளி முடியட்டும், அப்புறம் குதிரையை அனுப்புகிறோம் என்று விலங்குக் காப்பகத்தில் சொல்லிவிட்டார்கள். வெடிச் சத்தத்துக்கு நடுவே புது இடத்தில் கொண்டுவந்து விட்டால் மிரண்டு ஓடிவிடுமாம். எங்களுக்கும் வேலை பாக்கி இருக்கிறது. காரமடைப் பக்கம் எங்கள் தோட்டம், மூன்று ஏக்கர், தென்னையும் கொஞ்சம் வாழையும். எருமைகள் நின்ற சாளை இரண்டு வருடமாகச் சும்மா கிடக்கிறது, அதைத்தான் ஒதுக்கியிருக்கிறோம். பார்வையிட வந்த பெண் உள்ளே கால் வைத்ததும் "அக்கா, சிமெண்டுத் தரை வழுக்கும்" என்றாள். அதைப் பெயர்த்து மண் போட்டு மேலே தேங்காய் நார்க்கழிவு பரப்பியாயிற்று. முள்கம்பியையும் எடுக்கச் சொன்னாள். மாடு கம்பியில் மாட்டினால் நின்றுவிடும், குதிரை இழுத்துக்கொண்டே ஓடித் தோலைக் கிழித்துக்கொள்ளும். நல்லவேளை, கிழக்கிலும் தெற்கிலும் மாமனார் காலத்துக் கிலுவை வேலி இருக்கிறது.

ஒப்பந்தத்தில் நான்கு பக்கம் கையெழுத்து. சவாரி செய்யக் கூடாது, வண்டியில் பூட்டக் கூடாது, சினைப்படுத்தக் கூடாது, விற்கவோ வேறு யாருக்கும் கொடுக்கவோ கூடாது, நம்மால் முடியாமல் போனால் அவர்களிடமே திருப்பிக் கொடுக்க வேண்டும். தத்து என்று பேச்சுக்குச் சொல்கிறோம், குதிரை நமக்குச் சொந்தமில்லை. "தோட்டத்தைக் கிரயம் பண்ணும்போதுகூட இத்தனை கேட்கவில்லை" என்றார் வீட்டுக்காரர். ரத்தப் பரிசோதனை முடிவும் வந்துவிட்டது. கிளாண்டர்ஸ் என்றொரு நோய், குதிரையிடமிருந்து மனிதருக்கும் தொற்றும், இருப்பது உறுதியானால் அந்தக் குதிரையைக் கொன்றுவிட வேண்டும் என்பதுதான் விதி. இல்லை என்று வந்த காகிதத்தைச் சாமி படத்துக்கு முன்னால் வைத்தேன்.

2024 நவம்பர் 9

வந்துவிட்டாள். கோத்தகிரி வழியாகப் பிக்கப் வண்டியில், ஒவ்வொரு வளைவிலும் காலை அகட்டி வைத்துக்கொண்டு. செவலை நிறம், நெற்றியில் ஒரு வெள்ளைச் சுட்டி, பெயரும் சுட்டிதான். தோள்வரை சரியாக நாலடி, மட்டக்குதிரை. ஊட்டியில் சுற்றுலா வந்தவர்களை ஏற்றிக்கொண்டு நடந்தவள். சீசன் முடிந்ததும் தெருவில் விட்டுவிட்டார்கள், குப்பைத் தொட்டியில் மேய்ந்தாள், ஒரு ராத்திரி ஏதோ வண்டி பின்னங்காலில் இடித்துவிட்டுப் போய்விட்டது. கேட்டு யாரும் வரவில்லை. காயம் ஆறிவிட்டது, நொண்டல் மட்டும் போகவில்லை.

ஊட்டி 2,200 மீட்டருக்கும் மேலே, நாங்கள் அடிவாரத்தில். குளிருக்கு வளர்ந்த அடர்ந்த முடியோடு இறங்கி நின்றபோது கழுத்தெல்லாம் வியர்வை, கம்பளி போர்த்திக்கொண்டு பங்குனி வெயிலில் நிற்பவர் மாதிரி.

2024 நவம்பர் 11

டாக்டர் வந்து பல்லைப் பார்த்தார். மேல்வரிசை ஓரப் பல்லில் பத்து வயது வாக்கில் ஒரு பள்ளக் கோடு ஈறிலிருந்து இறங்க ஆரம்பிக்குமாம், இருபதில் நுனியைத் தொடுமாம். இவளுக்குப் பாதிப் பல் வரை வந்திருக்கிறது. எட்டு வயது என்று காகிதத்தில் எழுதியிருந்தது, உண்மையில் பதினைந்து பக்கம். நன்றாகப் பார்த்துக்கொண்டால் இன்னும் பத்து, பதினைந்து வருடம் இருப்பாள் என்றார். எனக்கு ஐம்பத்து நாலு. வீட்டுக்காரரும் நானும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம், ஒன்றும் பேசவில்லை.

எடை போடத் தராசு வேண்டியதில்லையாம். நெஞ்சுச் சுற்றளவை அதாலேயே பெருக்கி, உடல் நீளத்தாலும் பெருக்கி, 11,877 ஆல் வகுத்தால் தோராயமாகக் கிலோ. சுற்றளவு 135 சென்டிமீட்டர், நீளம் 130. இருநூறு கிலோ வந்தது. விலா எலும்பை எண்ணலாம்.

2024 நவம்பர் 14

தீவனத்தில் நான் நினைத்ததெல்லாம் தப்பு. வரப்பில் கோ-4 புல் மதர்த்து நிற்கிறது, அதையே வெட்டிப் போட்டுவிடலாம் என்றுதான் கணக்குப் போட்டிருந்தேன். அதில் ஆக்சலேட் அதிகம். மாட்டுக்கு முதல் வயிற்றிலேயே அது சிதைந்துவிடும், குதிரைக்கு அந்த வயிறு கிடையாது. சாப்பிடுகிற சுண்ணாம்புச் சத்தை ஆக்சலேட் பிடித்து வைத்துக்கொள்ள, உடம்பு எலும்பிலிருந்து எடுக்க ஆரம்பித்து, கடைசியில் முகத்து எலும்பே வீங்கிப்போகுமாம். அதனால் அருகம்புல்லும், காய்ந்த குதிரைமசாலும். பெயரிலேயே குதிரை இருக்கிறது, இத்தனை வருடம் மாட்டுக்கு வாங்கிப் போட்டபோது ஒரு நாளும் யோசித்ததில்லை! ஒரு நாளைக்கு நாலு கிலோ காய்ந்த தீவனம், ஐந்தாறு வேளையாகப் பிரித்து. கோழித் தீவன மூட்டையை வேறு அறையில் வைத்துப் பூட்டச் சொன்னார் டாக்டர். சிலவற்றில் மொனென்சின் என்ற மருந்து கலந்திருக்கும், கோழிக்கு நல்லது, குதிரை தின்றால் இதயம் நின்றுவிடும்.

மாமியாருக்கு இதெல்லாம் ஏறவில்லை. "குதிரைக்குக் கொள்ளு போடாம புல்லப் போட்டு வளக்கறயா அம்மிணி" என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார்.

2024 நவம்பர் 28

பக்கத்துத் தோட்டத்துப் பெரியவர் வந்து சுழி பார்த்தார். கழுத்தில் நல்ல சுழி, பின்பக்கம் ஒன்று சரியில்லை, வீட்டுக்கு ஆகாதுங்க என்றார். காபி குடித்துவிட்டுப் போனார்.

அதைவிட எனக்கு வேறொரு கவலை. முன்னங்கால் இரண்டிலும், குளம்புக்கு மேலே கணுவின் முன்பக்கம், ஐந்து ரூபாய்க் காசு அளவுக்குச் சிராய்ப்பு. எதிலும் இடித்த மாதிரி இல்லை. டாக்டர் படத்தைப் பார்த்துவிட்டு "படுத்துப் பார்த்தீங்களாம்மா?" என்று கேட்டார். யோசித்துப் பார்த்தால் ஒரு நாளும் பார்க்கவில்லை. குதிரை நின்றுகொண்டே கண்ணயரும், கால் மூட்டு பூட்டிக்கொள்வதால் விழாது. ஆனால் ஆழ்ந்த தூக்கத்துக்குக் கொஞ்ச நேரமாவது படுத்தே ஆக வேண்டும். பயத்தில் நாள்கணக்கில் படுக்காமலே இருந்தால் நின்றபடி அசந்துபோய் முன்னங்கால் மடங்கிச் சரியும், தரையில் கணு உரசும், திடுக்கிட்டு எழுந்துவிடும். அந்தச் சிராய்ப்புத்தான் இது. பத்தொன்பது நாளாக இந்தப் பெட்டை சரியாகத் தூங்கவில்லை, நான் எடையை எழுதிக்கொண்டிருந்திருக்கிறேன்.

காவலுக்கு இன்னொரு ஜீவன் விழித்திருந்தால்தான் படுக்கும், கூட்டத்தில் வாழ்கிற பிராணி. காப்பகத்தில் ஒரு கழுதை இருக்கிறது, ஆனால் கால் வைத்தியம் முடிய ஜனவரி ஆகும். அதுவரை எங்கள் வெள்ளாட்டில் ஒன்றைச் சாளைக்குள் கட்டியிருக்கிறோம்.

2024 டிசம்பர் 13

கார்த்திகை தீபம். வெடி அதிகமில்லை. பத்து மணிக்கு மேல் பக்கத்து வாழைக்கு யானை வந்துவிட்டது, விரட்ட வெடி போட்டார்கள். சுட்டி சாளைக்குள் சுற்றிச் சுற்றி வந்தாள். விடியும்வரை வாசலில் கட்டில் போட்டுப் படுத்திருந்தேன். ஆடு தூங்கியது.

2024 டிசம்பர் 30

நேற்று மாலை மாமியார் பாசத்தில் ஒரு சட்டி வேகவைத்த கொள்ளைக் கொண்டுபோய் வைத்துவிட்டார். கொள்ளு என்றால் வாயைத் திறக்கும் என்று பழமொழியே இருக்கிறதே, நக்கித் தீர்த்துவிட்டாள். எட்டு மணிக்கு முன்காலால் தரையைக் கீறினாள், வயிற்றைத் திரும்பித் திரும்பிப் பார்த்தாள், விலாவெல்லாம் வியர்வை. தாடைக்கு அடியில் விரல் வைத்து எண்ணினேன், நிமிடத்துக்கு 64. சும்மா நிற்கும்போது நாற்பதுக்குள் இருக்க வேண்டும்.

குதிரையால் வாந்தி எடுக்க முடியாது. எனக்கு அது நேற்று ராத்திரிதான் தெரியும். உள்ளே போனது பின்பக்கமாகத்தான் வந்தாக வேண்டும், நடுவில் வாயு சேர்ந்தாலோ அடைத்தாலோ வயிற்றுவலியே ஆளை முடித்துவிடும். டாக்டர் வந்து ஊசி போட்டு, மூக்கு வழியாகக் குழாய் விட்டு, அப்புறம் நடத்திக்கொண்டே இருக்கச் சொன்னார். நானும் வீட்டுக்காரரும் தென்னை வரிசைக்குள் மாறி மாறி நடத்தினோம். நாலு மணிக்குச் சாணி போட்டாள். அந்தச் சந்தோஷத்தை வெளியில் சொன்னால் சிரிப்பார்கள்.

மாமியார் திண்ணையிலேயே உட்கார்ந்திருந்தார். நானும் ஒன்றும் கேட்கவில்லை. தீவன அறைச் சாவியை அவரே எடுத்து என் கையில் கொடுத்தார்.

2025 ஜனவரி 15

மாட்டுப் பொங்கல். மாடே இல்லாத தோட்டத்தில் குதிரைக்குப் பொட்டு. பொங்கல் கொடுக்கவில்லை, ஒரு கேரட்.

2025 ஜனவரி 22

கழுதை வந்தது. இறங்கியதும் கத்திய கத்தலில் பெரியவர் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று சிரித்தார். இருவரும் ஒரு மணி நேரம் மூக்கோடு மூக்கு வைத்து நின்றார்கள், ஒரு உதை, அப்புறம் ஒரே கூடையில் மேய்ச்சல். ஆட்டுக்குக் கோபம்.

2025 பிப்ரவரி 8

குளம்பு சீவ கோவையிலிருந்து ஆள் வந்தார். இங்கே மாட்டுக்கு லாடம் கட்டுபவர் இருக்கிறார், "பிளந்த குளம்புன்னா பண்ணுவேன், இது ஒத்தக் குளம்பு, எனக்குத் தெரியாதுங்க" என்று நேர்மையாகச் சொல்லிவிட்டார். ஆறிலிருந்து எட்டு வாரத்துக்கு ஒருமுறை இந்தச் செலவு உண்டு. சுற்றளவு 143 ஆகியிருக்கிறது, கணக்குக்கு 224 கிலோ. ஊட்டி முடி கைப்பிடி கைப்பிடியாகக் கொட்டுகிறது, வாலாட்டிக் குருவிகள் பொறுக்கிக்கொண்டு போகின்றன. கணுவில் சிராய்ப்பு காய்ந்து உதிர்ந்துவிட்டது.

2025 பிப்ரவரி 19

ராத்திரி இரண்டே முக்காலுக்குத் தண்ணீர் குடிக்க எழுந்து, ஜன்னல் வழியாக டார்ச் அடித்தேன். சுட்டி பக்கவாட்டில் விழுந்து கிடந்தாள். நாலு காலும் நீட்டி, தலை தரையில், முனகல் வேறு. நான் போட்ட கூச்சலில் வீட்டுக்காரர் செருப்பில்லாமல் ஓடிவந்தார். டாக்டருக்குப் போன் அடித்தேன்.

"வேர்த்திருக்காம்மா?"

"இல்லைங்க."

"உருளுதா?"

"இல்லைங்க, கால் லேசா உதறுது."

"கழுதை என்ன பண்ணுது?"

பக்கத்தில் நின்று எங்களைப் பார்த்துக்கொண்டிருக்கிறது என்றேன்.

"அது காவலுக்கு நிக்குது. இவ தூங்கறா. டார்ச்ச அணச்சுட்டு நீங்களும் போய்ப் படுங்க."

அதற்குள் எங்கள் சத்தத்தில் சுட்டி எழுந்துவிட்டாள். இடது கன்னத்திலிருந்து விலா வரைக்கும் நார்த்தூள் அப்பியிருந்தது. துலக்கப் போன வீட்டுக்காரரை நிறுத்தினேன், காலையில் அத்தை பார்க்கட்டும் என்று.